போகத்துக்கு வரவு, மாதத்துக்கு டியூ

வங்கியில் விவசாயக் கடன் பிரிவில் உட்கார்ந்திருப்பவனுக்கு, அடகு நகை எப்போது உள்ளே வரும், எப்போது வெளியே போகும் என்பது மனப்பாடம். வைகாசி, ஆனியில் வரும். பள்ளிக்கூடம் திறப்பதும் குறுவைக்கு நாற்றங்கால் விடுவதும் ஒரே நேரத்தில் வந்து நிற்கும் மாதங்கள் அவை. தை, மாசியில் போகும். சம்பா நெல்லைக் கொள்முதல் நிலையத்தில் எடை போட்டு, பணம் கணக்கில் ஏறியிருக்கும்.

தஞ்சாவூர், திருவாரூர் மாவட்டக் கிளைகளில்தான் என் வேலைக்காலத்தின் பெரும்பகுதி போயிருக்கிறது. சில வருடங்களாக இந்த ஒழுங்கு கலைந்து வருகிறது. தையில் மீட்க வேண்டிய நகைக்கு வட்டியை மட்டும் கட்டி, திரும்பவும் வைத்துவிட்டுப் போகிறார்கள். கதிர் முற்றும் மார்கழியில், வயலுக்குப் பெரிய செலவே இல்லாத நேரத்தில், தாலிக்கொடி வருகிறது. மஞ்சள் ஏறிப்போன கொடியை அப்ரைசர் துணியால் துடைத்து, உரைகல்லில் தேய்த்து, தராசில் வைக்கும்போது அந்த அம்மா வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருப்பார். “எதுக்குங்கம்மா இப்ப?” என்று கேட்டால் பெரும்பாலும் ஒரே பதில்தான்: “டியூ கட்டணும் சார்.”

எளிமையாக வாழுங்கள் என்று யாராவது சொன்னால், தீபாவளிக்குத் துணி எடுக்காமல் இருப்பது, காபித்தூளைக் குறைத்துப் போடுவது என்றுதான் நம் ஆட்கள் எடுத்துக்கொள்கிறார்கள். காபியை நன்றாகவே குடியுங்கள். ஆற்றுத் தண்ணீரை நம்பியிருக்கும் குடும்பம் எளிமையாக வாழ்கிறதா என்று பார்க்க நான் ஒரே ஒரு எண்ணைத்தான் கேட்பேன்: மாதம் பிறந்தால் கட்டியே ஆகவேண்டிய தொகை எவ்வளவு?

கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். 2025-26 பருவத்தில் அரசு ஊக்கத்தொகை சேர்த்து சாதா ரக நெல்லுக்குக் குவிண்டாலுக்கு 2,500 ரூபாய், சன்ன ரகத்துக்கு 2,545. ஏக்கருக்கு 24 குவிண்டால் கண்டால், சாதா ரகத்தில் 60,000 ரூபாய். உழவு, விதை, நடவுக் கூலி, உரம், களை, அறுப்பு மெஷின் வாடகை எல்லாம் போக ஏக்கருக்கு 22,000 கையில் நின்றாலே நல்ல போகம் என்பேன். ஐந்து ஏக்கர்காரருக்கு ஒரு போகத்தில் 1,10,000. இரண்டு போகமும் சரியாக அமைந்தால் 2,20,000. பன்னிரண்டால் வகுத்தால் மாதம் 18,000 சொச்சம். ஒரு போகம் கைவிட்டால் 9,000 சொச்சம். போட்ட முதல் போனதை நான் இதில் கழிக்கவில்லை.

இப்போது அதே வீட்டு டியூ. பைக் 3,800, செல்போன் 1,900, பிரிட்ஜ் 2,200, வீட்டம்மா பேரில் குழுக்கடன் 2,600. கூட்டினால் 10,500. தனித்தனியாகப் பார்த்தால் எதுவுமே ஆடம்பரம் இல்லை. கடைக்காரரும் ஏமாற்றவில்லை. குறுவை நன்றாக இருந்த வருடத்தில் கையெழுத்துப் போட்டிருப்பார்கள், அவ்வளவுதான்.

குறுவையை எந்த அளவுக்கு நம்பலாம் என்பதை மேட்டூர் அணையே சொல்லும். வழக்கமாகத் திறக்க வேண்டிய நாள் ஜூன் 12. 2012 முதல் 2019 வரை எட்டு வருடம் அந்தத் தேதியில் திறக்க முடியவில்லை. 2022ல் மே 24ஆம் தேதியே திறந்தார்கள். 2023ல் தேதி தவறாமல் திறந்தும் தண்ணீர் போதாமல் கடைமடையில் பயிர் காய்ந்தது. 2024ல் ஜூலை 28 ஆகிவிட்டது. ஆழ்குழாய்க் கிணறு வைத்திருப்பவர் கதை வேறு. ஆனால் அவருக்கும் மழை, புயல் என்று ஏதாவது ஒன்று காத்திருக்கும். அணை எந்த நாளில் திறந்தாலும் பைக் கம்பெனிக்காரர் ஐந்தாம் தேதி போன் செய்துவிடுவார்.

வலங்கைமான் பக்கத்திலிருந்து கணவனும் மனைவியுமாகக் கார் கடன் விசாரிக்க வந்திருந்தார்கள். அவர் காகிதங்களை எல்லாம் பக்காவாகக் கொண்டுவந்திருந்தார். நான் தவணைத் தொகையைச் சொன்னதும் அந்த அம்மா கேட்டார்: “மாசாமாசமா சார்? நாங்க என்ன மாசாமாசமா அறுப்பா அறுக்குறோம்?” அவர் சங்கடத்தோடு, “நீ சும்மா இரு” என்றார். கடன் இலக்கு வைத்திருக்கும் கிளையில் இதைச் சொல்லக் கூடாதுதான்; ஆனாலும் அந்த வருடம் என் மேஜைக்கு வந்த கேள்விகளிலேயே உருப்படியானது அதுதான்.

பயிர்க்கடனை அறுவடைக்குப் பிறகுதான் கட்டவேண்டும். டிராக்டர் கடனுக்கு அறுவடையை ஒட்டி அரையாண்டுத் தவணை கேட்டு வாங்க முடியும், கேட்டால்தான் கிடைக்கும். நிலத்து வருமானத்தை நம்பி எடுக்கும் எந்தக் கடனுக்கும் முதலில் இதைக் கேளுங்கள். ‘மாதத் தவணை மட்டும்தான்’ என்று சொன்னால், ஒரு போகம் போனால் எங்கிருந்து கட்டுவோம் என்பதற்கு வீட்டில் பதில் இருக்கவேண்டும்.

இன்னொன்று. கடைகளில் ‘12 சதவீதம்தான்’ என்பார்கள். அது பிளாட் வட்டியாக இருந்தால், நீங்கள் அடைத்துக்கொண்டே வரும் அசலுக்கும் கடைசி மாதம் வரை வட்டி கட்டுகிறீர்கள். ஒரு லட்சத்துக்கு மூன்று வருடத்தில் 36,000 வட்டி; குறையும் அசலுக்குக் கணக்குப் போட்டால் உண்மையான வட்டி 21 சதவீதத்தைத் தாண்டும். 2024 அக்டோபர் 1 முதல், கையெழுத்துக்கு முன்பே உண்மையான ஆண்டு வட்டி விகிதமும் எல்லாக் கட்டணங்களும் அடங்கிய முக்கிய விவர அறிக்கையைத் தரவேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. கடன் வாங்குபவருக்குப் புரியும் மொழியில் இருக்கவேண்டும். தமிழில் கொடுங்கள் என்று கேட்பதற்குத் தயங்க வேண்டாம்.

இதையெல்லாம் நான் கூலிக்குப் போகும் குடும்பத்துக்குச் சொல்லவில்லை. வேலை நாளே குறைந்துபோன வீட்டில் போய் எளிமையைப் பற்றிப் பேசுவது அபத்தம். எளிமைக்குப் பேர்போன ஜே.சி. குமரப்பா நம் தஞ்சாவூரில் 1892ல் பிறந்தவர். லண்டனில் கணக்குத் தணிக்கை படித்து, பம்பாயில் ஆடிட்டராக இருந்தவர். காந்தியிடம் வந்தபின் குஜராத்தில் மாதர் (Matar) என்ற ஊரைச் சுற்றிய தாலுகாவில் ஐம்பதுக்கும் மேற்பட்ட கிராமங்களில் குடும்ப வரவு செலவைத் திரட்டி, விவசாயியின் கணக்கு பற்றாக்குறையில் நிற்பதையும் நிலவரி அவரால் தாங்கமுடியாத சுமையாக இருப்பதையும் காட்டினார். சிக்கனமாக இரு என்று அவர்களிடம் உபதேசம் செய்யவில்லை. ஆடிட்டர் அல்லவா, கணக்கைத்தான் முதலில் பார்த்தார்.

கல்யாணச் செலவைப் பற்றி ஏற்கெனவே நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். மகால், ஃபிளெக்ஸ், டிரோன் கேமரா எல்லாம் தெரிந்த கதை. எனக்குப் பயம் தருவது, வரப்போகும் மொய்யை நம்பி வாங்கும் கைமாற்று. பேராவூரணி, பட்டுக்கோட்டைப் பக்கம் ஆடி, ஆவணியில் மொய் வாங்குவதற்கென்றே மொய் விருந்து வைப்பது நல்ல ஏற்பாடுதான். மாதாமாதம் யாரும் கதவைத் தட்டுவதில்லை. ஆனால் அதுவும் நோட்டில் ஏறும் கடன். எழுதியவர் வீட்டு விசேஷத்துக்குத் திருப்பிச் செய்தாக வேண்டும். வாங்கிய மொய்யை வரவு என்று எழுதுபவரைவிட, கடன் என்று எழுதுபவர் நிம்மதியாக இருப்பதைப் பார்த்திருக்கிறேன்.

ஏற்கெனவே நாலைந்து டியூவில் மாட்டியிருப்பவர்கள் சம்பா பணம் வந்ததும் செய்யும் முதல் காரியம் நகையை மீட்பது. பங்குனியில் கல்யாணம் இருக்கும், வெறுங்கழுத்தோடு போகமுடியாது என்பார்கள். புரிகிறது. ஆனால் வெளியில் இரண்டு வட்டிக்கு வாங்கிய ஒரு லட்சத்துக்கு வருடத்துக்கு 24,000 போகிறது. வங்கியில் இருக்கும் நகைக்கு அதே ஒரு லட்சத்துக்கு ஒன்பதாயிரம், பத்தாயிரம். முதலில் வெளி வட்டியை அடையுங்கள். அடுத்தது பிளாட் வட்டிக் கடன்; முன்கூட்டியே முடித்தால் என்ன கழிவு, என்ன கட்டணம் என்று எழுத்தில் கேளுங்கள். நகைக்கு இந்த வருடம் வட்டியைக் கட்டி, கெடு தாண்டாமல் பார்த்துக்கொண்டால் போதும். லாக்கரில் பத்திரமாகத்தான் இருக்கும். கல்யாணத்துக்கு ஒரு சங்கிலியை மட்டும் மீட்கவேண்டும் என்றால், எல்லாவற்றையும் ஒரே கடனில் வைக்காமல் இரண்டு மூன்று கடனாகப் பிரித்து வைத்திருப்பது நல்லது. இதை நகை வைக்கும் அன்றே சொல்லிவிடுங்கள்.