யெல்லோஃபிஷ் தேடிப் பயணம்: மாகாணம் மாறினால் லைசென்ஸும் மாறும்

தென்னாப்பிரிக்க ஆறுகளுக்குச் சொந்தமான ட்ரவுட் மீன் என்று ஒன்றும் இல்லை. பிரவுன் ட்ரவுட் முட்டைகள் ஸ்காட்லாந்திலிருந்து நாட்டாலுக்கு வந்தது 1890-இல். ரெயின்போ ட்ரவுட் கேப் பக்கம் வந்தது 1897-இல். 1860-இல் ட்ரூரோ கப்பலில் டர்பன் வந்திறங்கிய நம் இந்தியத் தொழிலாளர்களைவிட முப்பது வருடம் பிந்திய குடியேறி அந்த மீன். இந்த மண்ணின் ஆற்று மீனைப் பிடிக்க வேண்டும் என்று காரில் கிளம்புகிறவர் தேட வேண்டியது யெல்லோஃபிஷ். கெண்டைக் குடும்பத்தைச் சேர்ந்தது, ஓடும் நீரை விரும்புவது. தூண்டிலில் மாட்டினால் ட்ரவுட்டைவிட முரட்டுத்தனமாக இழுக்கும்.

ஒவ்வொரு வகை யெல்லோஃபிஷ்ஷுக்கும் தனித்தனி ஆறு, அந்த ஆறுகள் ஓடுவது வெவ்வேறு மாகாணங்களில். டர்பன்காரர்கள் 'ஸ்கேலி' என்று சொல்லும் நாட்டால் வகை குவாசூலு-நாட்டால் ஆறுகளைத் தவிர உலகில் வேறெங்கும் இயற்கையாக இல்லை. 'ஸ்மால்மவுத்', 'லார்ஜ்மவுத்' இரண்டும் ஆரஞ்சு, வால் ஆறுகளுக்கு உரியவை. 'ஸ்மால்ஸ்கேல்' என்பது ம்புமலாங்கா பக்கத்து மேட்டு நில ஆறுகளில் கிடைப்பது. நன்னீர் மீன்பிடிப்புக்கு நாடு முழுவதும் செல்லுபடியாகும் ஒரே லைசென்ஸ் கிடையாது. அந்தந்த மாகாணம் தன் சட்டப்படி தன் லைசென்ஸைத் தருகிறது. எல்லையைத் தாண்டினால் அது வெறும் காகிதம்.

முதலில் பலர் செய்யும் தப்பு ஒன்று. தபால் நிலையத்திலோ ஆன்லைனிலோ வாங்கிய மீன்பிடி பெர்மிட் பர்ஸில் இருக்கிறது, அது போதும் என்று நினைத்து மலைப் பக்கம் போய்விடுகிறார்கள். அந்த பெர்மிட் 1998-ஆம் வருடத்துக் கடல்வாழ் வளச் சட்டத்தின் கீழ் மத்திய அரசு தருவது. ஷாட், கராந்தீன் பிடிக்கிற கடற்கரைக்கும் அலை ஏறி இறங்கும் கழிமுகத்துக்கும் மட்டுமே பொருந்தும். உம்கொமாஸ் ஊரில் உம்கொமாஸி ஆறு கடலில் சேரும் இடத்தில் தூண்டில் போட்டால் கடல் பெர்மிட் வேண்டும்; அதே ஆற்றை மலைப் பக்கம் புல்வர் அருகே தொட்டால் மாகாண இயற்கைப் பாதுகாப்பு அமைப்பான எஸெம்வெலோ தரும் நன்னீர் லைசென்ஸ் வேண்டும். ஒன்று மற்றதற்கு ஈடாகாது. கடலில் இரை பிடிக்க வைத்திருக்கும் வீச்சு வலையை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போங்கள். நன்னீரில் வலை போடத் தனி அனுமதி வேண்டும், பொழுதுபோக்கு லைசென்ஸ் அதற்குச் செல்லாது.

இனி மாகாணங்கள். குவாசூலு-நாட்டாலில் லைசென்ஸ் தருவது எஸெம்வெலோ. அதன் அடிப்படை 1974-இன் 15-ஆம் எண் நாட்டால் இயற்கைப் பாதுகாப்பு ஆணை. ஃப்ரீ ஸ்டேட்டில் 1969-இன் 8-ஆம் எண் ஆணை. லைசென்ஸ் மாகாணத்தின் சுற்றுச்சூழல் துறையிடம். கௌடெங்கில் இன்னும் 1983-இன் 12-ஆம் எண் ட்ரான்ஸ்வால் ஆணை. ம்புமலாங்காவில் 1998-இன் 10-ஆம் எண் சட்டம். அங்கே மாகாணச் சுற்றுலா, பூங்கா நிறுவனத்திடம் கேட்க வேண்டும். நாட்டால், ட்ரான்ஸ்வால் என்ற பழைய பெயர்களைப் பார்த்து, காலாவதியான சட்டம்தானே என்று அசட்டையாக இருக்கக் கூடாது. மாகாணம் மாறியது, ஆணை மாறவில்லை.

லைசென்ஸ் வாங்குவதில் தடங்கல் வருவது பெரும்பாலும் கட்டணத்தால் அல்ல, நேரத்தால். மாகாண அலுவலகங்கள் சனி, ஞாயிறு திறப்பதில்லை. வெள்ளி மாலை வேலை முடித்து டர்பன் சாட்ஸ்வொர்த்திலிருந்து கிளம்பி, இரவு ஹாரிஸ்மித் போய், விடிந்ததும் ஃப்ரீ ஸ்டேட் லைசென்ஸ் வாங்கிக்கொள்ளலாம் என்ற திட்டம் நடக்காது. போகும் வாரத்துக்கு முந்தைய வாரமே அடையாள அட்டை எண்ணுடன் தொலைபேசியிலோ மின்னஞ்சலிலோ கேட்டு முடித்துவிடுங்கள். கேட்கும்போதே மூன்று விஷயங்களையும் சேர்த்துக் கேளுங்கள்: யெல்லோஃபிஷ்ஷுக்கு ஒரு நாளைக்கு எத்தனை, குறைந்தபட்ச நீளம் என்ன, பிள்ளைகளுக்குத் தனி லைசென்ஸ் வேண்டுமா. இவை மாகாணத்துக்கு மாகாணம் வேறு. ஒருவர் பெயரில் எடுத்த லைசென்ஸில் குடும்பமே தூண்டில் போட முடியாது. செல்போனில் ஒரு படம் இருந்தாலும் தாளை பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கையில் வைத்திருங்கள். மலைப் பக்கம் சிக்னலை நம்ப முடியாது.

லைசென்ஸ் இருந்தால் எந்தக் கரையிலும் இறங்கலாம் என்பதும் இல்லை. 1998-இன் 36-ஆம் எண் தேசிய நீர்ச் சட்டப்படி ஆற்று நீர் தனியாருடையது அல்ல. அரசு மக்களுக்காக அதைக் காக்கிறது. ஆனால் கரை தனியாருடையதாக இருக்கலாம். பாலத்துக்குப் பக்கத்தில் காரை நிறுத்தி, வேலியைத் தாண்டி இறங்கினால் 1959-இன் அத்துமீறல் சட்டம் பாயும். பண்ணை என்றால் உரிமையாளரிடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். தேதி, பெயர்கள், கார் எண் உள்ள ஒரு வாட்ஸ்அப் செய்தியாவது இருக்கட்டும். உம்கொமாஸி, துகேலா ஆறுகளின் கீழ்ப்பகுதியில் பெரும்பங்கு நிலம் சூலு அரசரைப் பொறுப்பாளராகக் கொண்ட இங்கொன்யாமா அறக்கட்டளைக்கு உரியது, மரபுத் தலைவர்களின் ஆட்சியில் உள்ளது. அங்கே இந்துனாவை (ஊர்த் தலைவரை) பார்த்துச் சொல்லிவிட்டு இறங்குவதுதான் முறை. அது பாதுகாப்பும்கூட: காரை யார் நிறுத்தியிருக்கிறார்கள் என்று ஊருக்குத் தெரிந்திருக்கும். எஸெம்வெலோவின் இயற்கைக் காப்பகங்களில் நுழைவுக் கட்டணம் ஒன்று, அன்றைய தூண்டில் கட்டணம் ஒன்று, மாகாண லைசென்ஸ் ஒன்று, மூன்றும் வெவ்வேறு. ட்ராக்கென்ஸ்பெர்க்கில் காம்பெர்க், கோப்ஹம், ஜயன்ட்ஸ் காஸில் எல்லாம் இப்படித்தான்.

காலமும் பார்க்க வேண்டும். குவாசூலு-நாட்டாலின் ட்ரவுட் ஆறுகள் ஜூன் 1 முதல் ஆகஸ்ட் 31 வரை மூடியிருக்கும். செப்டம்பர் 1-இல் திறக்கும். அந்த ஆறுகளில் ஃபிளை (பூச்சி போலக் கட்டிய செயற்கை இரை) மட்டுமே, புழுவும் மாவும் கூடாது. ஸ்கேலி தேடிப் போகிறேன், ட்ரவுட் எனக்கு வேண்டாம் என்பது அங்கே வாதமாகாது, விதி ஆற்றுக்கு. செப்டம்பர் பாதியில் புரட்டாசி தொடங்கிவிடுவதால், விரதம் இருக்கும் வீடுகளுக்குச் சீசன் திறந்தபின் கிடைப்பது முதல் இரண்டு வாரம்தான். பிறகு மழை வந்து ஆறு கலங்கும். வீட்டுக்கு மீன் கொண்டுபோக நினைக்காதவர்களுக்கு ஏப்ரல், மே மாதங்களே நல்லது: தண்ணீர் தெளிந்திருக்கும், கூட்டமும் இராது.

பாதை என்று பார்த்தால், டர்பனிலிருந்து என்3-இல் ஏறி மெரிவேலில் ஆர்617-க்குத் திரும்பினால் அண்டர்பெர்க் வரை ஏறக்குறைய 200 கிலோமீட்டர். வழியில் உம்கொமாஸியைக் கடக்கிறீர்கள். ஸ்கேலிக்கு 5-வெய்ட் ராடு போதும். டங்ஸ்டன் மணி கோர்த்த நிம்ஃப் (நீருக்கடியில் போடும் ஃபிளை), கொக்கி அளவு 12 முதல் 16. வேகமான நீரும் மெதுவான நீரும் சேரும் விளிம்பில் அடியைத் தொட்டு உருண்டு வர வேண்டும். மீன் விழவில்லை என்றால் ஃபிளையை மாற்றுவதற்கு முன் எடையைக் கூட்டிப் பாருங்கள்; பெரும்பாலும் நிம்ஃப் அடிக்கு இறங்காததுதான் காரணம். மாவு போடுகிறவர்களுக்கு, ட்ரவுட் ஆறாக அறிவிக்கப்படாத இடங்களில், சிறு கொக்கியில் மீலி பாப் (சோளமாவுக் களி) உருண்டை. துகேலாவில் ஸ்பியூன்கோப் காப்பகம் குடும்பத்தோடு போக வசதியானது.

அங்கிருந்து ஆர்74-இல் பெர்க்வில், ஒலிவியர்ஸ்ஹூக் கணவாய் ஏறினால் ஃப்ரீ ஸ்டேட். என்3-இன் துகேலா சுங்கச்சாவடிக் கட்டணமும் மிச்சமாகும். 1891-இன் சட்டம் இந்தியர்களை இந்த மாகாணத்தில் குடியிருக்கவிடாமல் தடுத்தது. அது நீங்கியது 1986-இல்தான். நம் பெரியவர்கள் பலருக்குக் கடல் மீன் அத்துப்படியாகவும் வால் ஆறு அந்நியமாகவும் இருப்பதில் இதற்கும் பங்கு உண்டு. ஹாரிஸ்மித் அருகே ஸ்டெர்க்ஃபோன்டெய்ன் அணை ஒரு காப்பகம், நுழைவு தனி. கண்ணாடி போன்ற நீரில் ஸ்மால்மவுத் கரையோரமாக நீந்துவதைக் கண்ணால் பார்த்தே போடலாம். நவம்பர் முதல் மார்ச் வரை, காலை ஒன்பதுக்கு மேல், வெயில் முதுகுக்குப் பின்னால் இருக்கும்போது. போலரைஸ்டு கண்ணாடி இல்லாமல் போனால் பாதி நாள் வீண். மோட்டார் படகு என்றால் படகின் தகுதிச் சான்றும் ஓட்டுபவரின் சான்றும் வேண்டும்.

வால் ஆற்றில் பாரிஸ் ஊர்ப் பக்கம் ஒரு சட்டச் சிக்கல் உண்டு. ஆறே மாகாண எல்லை: தெற்குக் கரை ஃப்ரீ ஸ்டேட், எதிர்க்கரை இடத்தைப் பொறுத்து நார்த் வெஸ்ட் அல்லது கௌடெங். பாறை பாறையாகத் தாவி எதிர்க்கரைக்குப் போய்விட்டால் மாகாணம் மாறிவிடும். ஒரே கரையில் இருப்பது, அல்லது இரண்டு லைசென்ஸும் எடுப்பது. கிளம்புமுன் வால் அணையில் மதகு திறந்திருக்கிறதா என்று நீர்த் துறையின் அறிவிப்பைப் பாருங்கள். திறந்திருந்தால் இறங்கி நிற்க முடியாது, வெள்ளம் இழுத்துவிடும். கழிவுநீர்க் கலப்பும் உண்மை. மனித உரிமை ஆணையம் 2021-இல் இதைப் பற்றி அறிக்கையே தந்தது. காலில் வெட்டுக்காயத்தோடு இறங்க வேண்டாம், அந்த மீனைச் சமைக்கவும் வேண்டாம்.

லார்ஜ்மவுத் மாட்டினால் விட்டுவிடுங்கள். பெண் மீன் முட்டையிடும் பருவத்துக்கு வரவே எட்டு வருடம் அளவில் ஆகிறது; ஒன்றைக் கொன்றால் அந்த இடம் நிரம்ப அவ்வளவு காலம். கொக்கி முள்ளை இடுக்கியால் நசுக்கிவிடுங்கள், ரப்பர் வலை வையுங்கள், கையை நனைத்த பிறகே தொடுங்கள், படம் எடுக்கும் நேரம் தவிர மீன் தண்ணீரிலேயே இருக்கட்டும்.

விதி அனுமதிக்கும் இடத்தில் ஒன்றிரண்டு ஸ்மால்மவுத்தோ ஸ்கேலியோ குழம்புக்கு எடுத்தால், சினையைத் தூக்கி எறிந்துவிடுங்கள். யெல்லோஃபிஷ் சினை நச்சு. வறுத்தாலும் வாந்தி, பேதி வரும். மீன் சினைக்குச் சண்டை போடும் வீடுகளில் இதை முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டும். பிள்ளைகள் தட்டில் போய்விடக் கூடாது.

உயிர்மீனை ஒரு ஆற்றிலிருந்து இன்னொன்றுக்குக் கொண்டுபோவது பெர்மிட் இல்லாமல் குற்றம். இரைக்காக வாளியில் கொண்டுபோகும் குஞ்சும் அதில் சேரும். வெவ்வேறு யெல்லோஃபிஷ் வகைகள் ஒன்றோடொன்று கலந்து இனம் கெடும் என்பதே காரணம். படகு, ட்ரெய்லர், மோட்டார் விசிறியில் ஆகாயத்தாமரை ஒட்டியிருந்தால் அதுவும் சட்டப்படி பரப்புதல்தான். ஆக்கிரமிப்பு இனங்களின் சட்டப் பட்டியலில் 1பி பிரிவில் உள்ள செடி அது. வாலிலிருந்து கிளம்புமுன் ட்ரெய்லரைச் சுற்றிக் குனிந்து பார்த்து, கையால் பிடுங்கி, காயவையுங்கள்.

வெளியிலிருந்து கொண்டுவந்த மீன் என்ன செய்யும் என்பதற்கு, லெசோத்தோவுக்கு ஏறும் சானி கணவாய்ப் பாதையிலேயே சான்று உண்டு. அதை ஒட்டி ஓடும் உம்கொமாஸானா ஆற்றில் 1938-இல்தான் மலோட்டி மின்னோ என்ற சின்ன மீனை அறிவியல் பதிவு செய்தது. பிறகு அங்கே அது அற்றுப்போனது. 1970-களில் மறுபடி கண்டது லெசோத்தோவில். ட்ரவுட் ஏற முடியாத அருவிகளுக்கு மேலேதான் இன்று அது பிழைக்கிறது. இதற்கு நேர்மாறான சான்றும் உண்டு: கேப்பில் செடர்பெர்க்கின் ரொன்டெகாட் ஆற்றில் அந்த மாகாணத்தின் இயற்கைப் பாதுகாப்பு அமைப்பான கேப்நேச்சர் 2012, 2013-இல் ரோட்டினோன் என்ற மீன்கொல்லி மருந்து போட்டு 4 கிலோமீட்டரில் வந்தேறி பாஸ் மீனை ஒழித்தது, சொந்த மீன்கள் திரும்பி வந்தன.

சானி வழியே லெசோத்தோவுக்கு ஏறுவதானால் அது வேறு நாடு. தென்னாப்பிரிக்க லைசென்ஸ் எதுவும் அங்கே செல்லாது. கட்சே அணைக்கு மேலே போகொங் ஆற்றில் மகாங்கோவா சமூக முகாம் போன்ற இடங்களில் அந்த ஊராரிடமே கட்டணம் கட்டி அனுமதி வாங்க வேண்டும். காரில் உள்ள எல்லோருக்கும் பாஸ்போர்ட் வேண்டும், அடையாள அட்டை போதாது. கணவாயில் 4×4 வண்டியைத்தான் விடுவார்கள். எல்லைச் சாவடி காலை ஆறு முதல் மாலை ஆறு வரை. நான்கு மணிக்காவது மேலிருந்து இறங்கத் தொடங்கிவிடுங்கள்.