மணலியில் எரியும் அந்த நெருப்பு

ராத்திரி வடசென்னையின் திருவொற்றியூரில் மொட்டை மாடிக்கு ஏறி மேற்கே பார்த்தால், மணலிப் பக்கம் ஒரு நெருப்பு தெரியும். பெரும்பாலும் அகல் விளக்குத் திரி அளவுதான். சில நாள் திடீரென்று வீங்கி, மேகத்தின் அடிவயிறு வரை செக்கச்செவேல் என்று ஆக்கிவிடும். கூடவே விமானம் கிளம்புகிற மாதிரி ஓர் இரைச்சல்.

1969-இல் இங்கே எண்ணெய் சுத்திகரிப்பு ஆலை ஓடத் தொடங்கியது. அதையடுத்து உரம், பெட்ரோ கெமிக்கல் என்று ஆலைகள் சேர்ந்துகொண்டன. இப்படிப்பட்ட ஆலைகளில் எரிவாயு, குழாய்களுக்கும், கொதிக்கவைத்துப் பிரிக்கும் கோபுரங்களுக்கும் உள்ளே அழுத்தத்தில் அடைபட்டிருக்கிறது. கரண்ட் போனால் என்ன ஆகும்? குளிர்விக்கும் தண்ணீர் பம்புகள் நிற்கும். கம்ப்ரஸர் நிற்கும். ஆனால் கோபுரத்துக்குள் கொதிப்பு உடனே நிற்காது. ஆவி குளிர்ந்து திரவமாக வழியில்லாமல் அழுத்தம் ஏறிக்கொண்டே போகும். கோபுரம் வெடிக்காமல் இருக்க, குக்கரில் இருப்பதுபோல ஒரு சேஃப்டி வால்வு திறந்துகொள்ளும்.

குக்கர் ஆவி சமையலறையோடு போய்விடும். இந்த வாயுவை அப்படி விட முடியாது. காற்றைவிடக் கனமான ஆவி தரையோடு படர்ந்து எங்காவது ஒரு பொறியைத் தேடிப் பிடித்துக்கொள்ளும். அதனால் எல்லா வால்வுகளும் ஒரே பெரிய குழாயில் திறக்கின்றன. வழியில் ஒரு தொட்டி, வாயுவோடு வரும் திரவத்தைப் பிரித்துவிடும். இல்லையென்றால் உச்சியிலிருந்து நெருப்பு மழை பெய்யும். அடுத்து, தீ பின்னோக்கி இறங்காமல் தடுக்க ஒரு தண்ணீர்த் தடுப்பு. அப்புறம் உயரமான கம்பத்தின் உச்சியில், வரும் வாயுவை எரித்துவிடும் ஃபிளேர். மாடியிலிருந்து தெரியும் நெருப்பு இதுதான். அங்கே வாயுவைப் பற்றவைக்கச் சின்னச் சின்ன பைலட் சுடர்கள் அணையாமல் காத்திருக்கும்.

ஆக, பெரிய தீ என்றால் உள்ளே ஏதோ பழுது, அல்லது ஆலையை நிறுத்துகிறார்கள், இல்லை மறுபடி ஓட்டுகிறார்கள். ஃபிளேர் தன் வேலையைச் செய்கிறது, சரி. ஆனால் மாதத்துக்கு நான்கு முறை சேஃப்டி வால்வு திறக்கும் குக்கரை யாரும் நல்ல குக்கர் என்று சொல்ல மாட்டார்கள்.

வீட்டில் கேஸ் அடுப்பின் பர்னர் அடைத்துக்கொண்டால் நீலச் சுடர் மஞ்சளாகி, பாத்திரத்தின் அடியில் கரி பிடிக்கும். காற்று போதாமல் பாதியில் நின்ற கரித்துகள்தான் அப்படி மஞ்சளாக ஒளிர்கிறது. ஃபிளேரிலும் இதே கதைதான். திடீரென்று வாயு குவியும்போது கரும்புகை கிளம்பும். அதை அடக்க உச்சியில் நீராவியைப் பீய்ச்சுவார்கள். அது வெளிக்காற்றையும் இழுத்துக்கொண்டு போய் வாயுவோடு கலக்கும். நமக்குக் கேட்கும் இரைச்சலில் பெரும்பங்கு அந்த நீராவியுடையதுதான். நீராவி கூடிப்போனால் சுடரே குளிர்ந்து, வாயு எரியாமல் நழுவிவிடும். கண்ணுக்குப் புகை தெரியாது. அந்த நாள்தான் மோசமான நாளாகக்கூட இருக்கலாம்.

ஃபிளேர் 98 சதவீதம் எரித்துவிடும் என்பது வழக்கமான கணக்கு. அமெரிக்காவின் மூன்று எண்ணெய் வயல்களில் விமானத்திலிருந்து அளந்து 2022-இல் வெளியிட்ட ஆய்வு, அணைந்து கிடந்த ஃபிளேர்களையும் சேர்த்து, மீத்தேனில் சுமார் 91 சதவீதமே எரிகிறது என்றது. 98-க்கும் 91-க்கும் பெரிய வித்தியாசம் இல்லை என்று தோன்றும். தப்பிப்பதைப் பாருங்கள்: 2 எங்கே, 9 எங்கே!

முழுதாக எரிந்தாலும் தொல்லை தீராது. அழுகிய முட்டை நாற்றமடிக்கும் ஹைட்ரஜன் சல்ஃபைடு கொடிய நஞ்சு. எரிந்தால் அது சல்ஃபர் டை ஆக்சைடாகிறது. நஞ்சு குறையும், ஆனால் ஆஸ்துமா உள்ளவர்களுக்கு மூச்சு இறுகும். பகலில் கடற்காற்று அதை மாதவரம் பக்கம் தள்ளும். ராத்திரி நிலக்காற்று திருவொற்றியூர், எர்ணாவூர் பக்கம் திருப்பும். மார்கழி இரவுகளில் தரையோரக் குளிர்காற்றின் மேல் வெதுவெதுப்பான அடுக்கு மூடிபோல உட்கார்ந்துகொள்வதால், தாழ்வாக வரும் புகை மேலே போக வழியிருக்காது.

இந்தியாவில் சல்ஃபர் டை ஆக்சைடுக்கு 24 மணி நேரச் சராசரி வரம்பு, கன மீட்டருக்கு 80 மைக்ரோகிராம். பழுது ஏற்பட்ட ஒரு மணி நேரம் 800 என்றும், மீதி 23 மணி நேரமும் 20 என்றும் வைத்துக்கொள்வோம். கூட்டி வகுத்தால் 52.5. அந்த ஒரு மணி நேரத்தில் இன்ஹேலரைத் தேடி எழுந்தவர் இருந்திருப்பார். ஏட்டில் அது வரம்புக்குள் அடங்கிய நாள்.