எளிய உரையா, வெறும் எழுத்தா?

"ஆவணக் குறியீட்டை எளிய உரையாக மாற்றும் கருவி." பெர்ல் என்ற நிரல்மொழியோடு வரும் பாட்-டூ-டெக்ஸ்ட் என்ற கட்டளைக்கு இப்படி ஒரு விளக்கத்தை எத்தனை முறை படித்துவிட்டேன் என்று கணக்கே இல்லை. ஒவ்வொரு முறையும் பல்லைக் கடித்துக்கொண்டு தாண்டிப் போய்விடுவேன். போன வாரம் பெர்ல் கற்றுக்கொள்கிற ஒருவர் வந்து, "கட்டளையை ஓட்டிப் பார்த்தேன் சார், உரை எளிமையாகவே இல்லை. அதே கஷ்டமான விளக்கம்தான் மறுபடி வருகிறது" என்றார். முதலில் சிரிப்புதான் வந்தது. அப்புறம் யோசித்தால் அவர்மேல் தப்பே இல்லை. தமிழ் தெரிந்தவர் அந்த வாக்கியத்தை அப்படித்தான் படிப்பார்.

கருவி செய்கிற வேலை சின்னது. பெர்ல் மொழியில் நிரலுக்கு நடுவிலேயே அதன் விளக்கத்தையும் எழுதி வைக்கலாம். 1994-இல் பெர்ல் 5 உடன் வந்த இந்த முறைக்குப் பாட் என்று பெயர். வரித் தொடக்கத்தில் சமக்குறி போட்டு 'ஹெட்1' என்று எழுதினால் தலைப்பு. 'கட்' என்றால் விளக்கம் முடிந்தது, இனி நிரல். ஒரு சொல் தடித்த எழுத்தில் வர வேண்டுமானால் ஆங்கில எழுத்து 'பி' போட்டு, சொல்லைக் கோணக்குறிகளுக்குள் வைக்க வேண்டும். சாய்வெழுத்துக்கு 'ஐ', நிரல்துண்டுக்கு 'சி'. முனையத்தில், அதாவது கட்டளை தட்டும் திரையில், படிக்கும்போதும் மின்னஞ்சலில் ஒட்டும்போதும் இந்தக் குறிகள் இடைஞ்சல். பாட்-டூ-டெக்ஸ்ட் என்று தட்டிக் கோப்பின் பெயரைக் கொடுத்தால், குறிகள் நீங்கி, பத்திகள் நான்கு இடம் உள்தள்ளி, வரிகள் 76 எழுத்து அகலத்துக்குள் மடிந்து வரும். ஒரு வாக்கியம்கூட எளிதாகாது.

'எளிய உரை' என்று பெயர்த்திருப்பது ஆங்கிலத்தின் 'பிளெய்ன் டெக்ஸ்ட்' என்ற தொடரை. அதன் வேரைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். லத்தீனில் 'பிளானுஸ்' என்றால் சமதளம். மேடுபள்ளம் இல்லாதது, பிறகு அலங்காரம் இல்லாதது, பிறகு தெளிவாக விளங்குவது என்று பொருள் விரிந்தது. 'டெக்ஸ்ட்' நெய்தலிலிருந்து வந்தது. நம் நூலும் பனுவலும் பஞ்சிலிருந்து வந்தவைதானே, அதே கதை. வேர் போதும், சண்டைக்கு வருவோம்.

முதல் கோளாறு 'உரை'. இந்தச் சொல்லுக்குத் தமிழில் ஆயிரம் ஆண்டுப் பழக்கம் ஒன்று உண்டு. மூலம் என்று ஒன்று இருக்கும்; அதைத் திறந்து காட்டுவது உரை. குறள் மூலம், பரிமேலழகர் உரை. மூலம் கடினமாக இருந்தால் பதவுரை, பொழிப்புரை. பழைய உரையும் கடினமாகிப்போன காலத்தில் யாராவது 'எளிய உரை' எழுதுவார்கள். 'எளிய உரை' என்ற தொடரே அந்த வகை நூலின் பெயராகிவிட்டது. எந்தப் புத்தக அலமாரியைப் பார்த்தாலும் குறளுக்கு ஓர் எளிய உரையாவது இருக்கும். அப்படிப்பட்ட தொடரை எடுத்து, குறி நீக்கிய எழுத்துக் கோப்புக்குச் சூட்டினால் என்ன ஆகும்?

மற்ற இடங்களில் இதைப் பொறுத்துக்கொள்ளலாம். உரைப்பெட்டி, உரைத்திருத்தி என்றெல்லாம் வழக்கமாகிவிட்டன. நானும் அவற்றைப் பயன்படுத்துகிறேன். எனக்குப் பொறுக்காதது நிரல் விளக்கத்தைப் பற்றிப் பேசும்போதும் அதையே போடுவதுதான். ஏனென்றால் இங்கே மூலம்-உரை உறவு நிஜமாகவே இருக்கிறது. நிரலை 'மூல நிரல்' என்று நாமே சொல்கிறோம். அதை விளக்கும் ஆவணம்தான் உரை. பாட் கோப்பு என்பது மூலமும் உரையும் ஒரே ஏட்டில் மாறி மாறி வருவது. பழைய பதிப்புகளைப் பார்த்தவர்களுக்குப் பழகிய அமைப்பு. அந்த உரையை எடுத்து 'எளிய உரையாக மாற்றும்' என்றால், யாரோ உட்கார்ந்து அதற்குப் பொழிப்புரை எழுதித் தருகிறார் என்றுதான் அர்த்தம். அந்த மாணவர் எதிர்பார்த்ததும் அதைத்தான்.

இரண்டாவது கோளாறு 'எளிய'. எளிமைக்கு எதிர் கடினம். இங்கே அந்த எதிர்நிலையே இல்லை. அணி போட்டதற்கும் போடாததற்கும் உள்ள வேறுபாடுதான் பேச்சு. நகை போடாத கழுத்தை 'எளிய கழுத்து' என்று யாராவது சொல்வார்களா? வெறுங்கழுத்து. செருப்பில்லாத கால் வெறுங்கால். இப்படிக் கையருகே கிடக்கிற சொல்லை விட்டுவிட்டு அகராதியின் முதல் பொருளைத் தேடிப் போவது என்ன பழக்கமோ.

'வெற்று உரை' என்று சிலர் சொல்கிறார்கள். பாதிக் கிணறு தாண்டியிருக்கிறார்கள். ஆனால் நிரலாக்கத்தில் 'வெற்றுச் சரம்' என்றால் ஓர் எழுத்துக்கூட இல்லாத எழுத்துத்தொடர். 'வெற்றுக் கோப்பு' என்றால் காலிக் கோப்பு. அந்த வரிசையில் வெற்று உரை என்பது ஒன்றுமே இல்லாத உரை ஆகிவிடும். போதாததற்கு 'வெற்றுரை' என்று சேர்த்து எழுதினால் பயனில்லாத பேச்சு. சில நிரல்களின் ஆவணங்களுக்கு அது பொருத்தம்தான், ஆனாலும் கருவி விளக்கத்தில் போடுகிற சொல் இல்லை. 'சாதாரண உரை' பற்றி என்ன சொல்ல? அசாதாரண உரை எது என்று கேட்டால் பதில் கிடையாது.

என் பரிந்துரை 'வெறும் எழுத்து'. கோப்பு என்றால் 'வெறுமெழுத்துக் கோப்பு'. வெறுங்குடம் என்றால் காலிக் குடம்தானே, அந்தக் குழப்பம் இதற்கும் வராதா என்று ஒரு நண்பர் மடக்கினார். நியாயமான கேள்வி. கொள்கலத்தின் முன்னால் வந்தால் 'வெறும்' காலியைச் சொல்லும். பொருளின் முன்னால் வந்தால் வேறெதுவும் சேராததைச் சொல்லும்: வெறும் தண்ணீர், வெறும் தரை. எழுத்து கொள்கலம் அல்ல. அதனால்தான் 'வெறுங்கோப்பு' என்று சுருக்காமல் எழுத்தையும் சேர்த்துச் சொல்கிறேன்.

அந்த விளக்க வாக்கியத்தில் 'குறியீடு' வேறு இருக்கிறது. 'மார்க்அப்' அச்சகத்துச் சொல். கையெழுத்துப் படியில் "இதைத் தடித்த எழுத்தில் போடு, இது தலைப்பு" என்று அச்சுக்கோப்பவருக்குத் திருத்துநர் குறித்துக் கொடுத்ததிலிருந்து வந்தது. தமிழில் குறியீடு என்றால் நிரலும் குறியீடு, யூனிகோடு எண்ணும் குறியீடு, கவிதையில் புறா வந்தால் அதுவும் குறியீடு. "ஆவணக் குறியீட்டை" என்று படித்ததும் இது நிரலை மாற்றுகிறதா, ஆவணத்தை மாற்றுகிறதா என்று நின்று யோசிக்க வேண்டியிருக்கிறது. எழுதியவன் இட்ட குறி என்பதால் 'இடுகுறி' மிக அழகாக இருந்திருக்கும். இலக்கணக்காரர்கள் அதை முன்பே எடுத்துக்கொண்டுவிட்டார்கள்! நான் இப்போதைக்கு 'வடிவக்குறி' என்கிறேன். இதைவிட நல்லது கிடைத்தால் மாற்றிக்கொள்வதில் எனக்கு வெட்கமில்லை.

இதெல்லாம் சொல்லறிவு இல்லாததால் வருகிற பிழை இல்லை என்பதுதான் என் ஆதங்கம். பெரும்பாலான மொழிபெயர்ப்பாளர்களுக்கு ஒரு அட்டவணையில் துண்டு துண்டாகச் சொற்கள் வந்து சேருகின்றன. எந்தத் திரையில், எந்தக் கட்டளைக்கு என்று தெரியாது. கருவியை ஒரு முறைகூட ஓட்டிப் பார்க்காமல் நிரப்பித் தருகிறார்கள். பாட் என்ற பெயரின் விரிவான 'பிளெய்ன் ஓல்ட் டாக்குமென்டேஷன்' என்பதையே 'எளிய பழைய ஆவணமாக்கம்' என்று பெயர்த்ததைப் பார்த்திருக்கிறேன். 'பிளெய்ன் ஓல்ட்' என்று அங்கே சொல்வதற்கும் வயதுக்கும் சம்பந்தமே இல்லை. ஆடம்பரம் ஒன்றும் இல்லை, சும்மா ஓர் ஆவணம், அவ்வளவுதான் பொருள்.

ஓட்டிப் பார்த்திருந்தால் இன்னொன்றும் தெரிந்திருக்கும். வெளியே வருவது முழுக்க வெறுமையும் இல்லை. சாய்வெழுத்துச் சொற்களுக்கு இருபுறமும் உடுக்குறி (*) வரும், நிரல்துண்டைச் சுற்றி மேற்கோள்குறி வரும். எனவே 'குறிகளை நீக்கும்' என்று மட்டும் எழுதினாலும் சரியாகாது. 'மாற்றித் தரும்' என்பது வேண்டும். விளக்கம் தமிழில் இருந்தால் வரி மடிப்பும் ஒழுங்காக வராது. 'தமிழ்' நமக்கு மூன்று எழுத்து; யூனிகோடில் 'மி'யின் மேல்விலங்கும் ழகரத்தின் புள்ளியும் தனித்தனி என்பதால் கருவியின் கணக்கில் ஐந்து. 76 நிறைந்துவிட்டது என்று அது வரியை மடக்கும்போது நம் கண்ணுக்குப் பாதி வரிதான் போனதுபோல் இருக்கும்.

அந்த மாணவருக்கு வாக்கியத்தை இப்படி மாற்றி எழுதிக் கொடுத்தேன்: "பாட் வடிவக்குறிகள் கொண்ட விளக்கத்தை வெறும் எழுத்தாக மாற்றித் தரும்." படித்துவிட்டு, "அப்போ எளிய உரை எழுதித் தருகிற கட்டளை எது சார்?" என்று கேட்டார்.