டவர் தள்ளிப் போனால் சார்ஜ் கரையும்

2023 டிசம்பர் 4. மிக்ஜாம் புயல் மழை விட்டபாடில்லை. வேளச்சேரியில் எங்கள் தெருவில் தண்ணீர் முழங்காலைத் தாண்டியிருந்தது. கரண்ட் முந்தின இரவே போய்விட்டது. காலையில் என் செல்போனில் 80 சதவீதம் சார்ஜ் இருந்தது. அதைப் பொத்திப் பொத்தி வைத்துக்கொண்டேன். வீடியோ பார்க்கவில்லை, பாட்டு கேட்கவில்லை, திரை வெளிச்சத்தைக்கூட அடிமட்டத்துக்குக் குறைத்துவிட்டேன். முடிச்சூரில் இருக்கும் அக்காவுக்கு மட்டும் ஏழெட்டு முறை அடித்துப் பார்த்தேன், லைன் கிடைக்கவில்லை. இரவு ஒன்பது மணிக்குப் போன் அணைந்துவிட்டது.

மேல்மாடி அண்ணனிடமும் அதே மாடல் போன்தான். இரண்டு பேரும் ஒரே மாதத்தில் வாங்கினோம். அவருடையதில் அப்போதும் பாதி சார்ஜ் மிச்சம் இருந்தது. ஒரே ஒரு வித்தியாசம், அவருடைய சிம் வேறு கம்பெனி. அந்தக் கம்பெனியின் டவர் எங்கள் பக்கத்தில் இன்னும் உயிரோடு இருந்தது.

சும்மா மேசைமேல் கிடந்த போன் எப்படிச் செத்தது? இந்தக் கேள்விக்குப் பதில் தெரிந்திருந்தால் அன்று ராத்திரி அக்கா வீட்டு நிலவரம் தெரியாமல் நாங்கள் தவித்திருக்க மாட்டோம். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் பேட்டரி. இப்போது வரும் பல போன்களில் 5000 எம்ஏஎச் என்று போட்டிருக்கிறார்கள். மின்னழுத்தத்தோடு பெருக்கினால் சுமார் 19 வாட்-மணி வரும். வீட்டில் எரியும் 9 வாட் எல்இடி பல்பு ஒன்றை இந்த மின்சாரத்தில் எரியவிட்டால் இரண்டு மணி நேரத்தில் தீர்ந்துவிடும். அவ்வளவுதான் சேமிப்பு. லித்தியம் அயனிகள் ஒரு முனையிலிருந்து இன்னொரு முனைக்குப் போய்வருவதுதான் உள்ளே நடக்கும் வேலை. 1991இல் சோனி கம்பெனி இந்த வகை பேட்டரியைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. இதற்கு அடித்தளம் போட்ட ஜான் குட்இனஃப், ஸ்டான்லி விட்டிங்ஹாம், அகிரா யோஷினோ மூவருக்கும் 2019இல் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது.

இரண்டு மணி நேர பல்பு வெளிச்சத்துக்கான மின்சாரத்தை வைத்துக்கொண்டு ஒரு போன் ஒரு நாள், ஒன்றரை நாள் ஓடுகிறதே, எப்படி? தூங்கித்தான். சட்டைப் பையில் கிடக்கும் 4ஜி போன் தன் ரேடியோவை, அதாவது டவரோடு பேசும் பாகத்தை, அணைத்துவிட்டுத் தூங்குகிறது. பொதுவாக 1.28 நொடிக்கு ஒருமுறை, கண் இமைப்பதைவிடக் குறைந்த நேரம் விழித்து, 'டவர் என்னைக் கூப்பிட்டதா?' என்று காது கொடுத்துக் கேட்கிறது. இல்லையென்றால் மறுபடி தூக்கம். கோழித்தூக்கம் என்போமே, அதேதான். இந்தக் கோழித்தூக்கம் கலையாமல் இருக்கும்வரை செலவு மிகவும் குறைவு. யார் அதைக் கலைக்கிறார்கள் என்று பார்த்தால் சார்ஜ் எங்கே போகிறது என்பது தெரிந்துவிடும்.

கேட்பதற்கு ஆகும் செலவு கொஞ்சம். பேசுவதற்குத்தான் அதிகம். எங்கள் பாட்டி மூன்றாவது மாடி பால்கனியில் நின்றுகொண்டு கீரைக்காரரிடம் விலை கேட்பார். வண்டி நேர் கீழே நின்றால் சாதாரணக் குரலே போதும். வண்டி தெருமுனைக்குப் போய்விட்டால் பாட்டி அடிவயிற்றிலிருந்து கத்த வேண்டும். போனும் டவரும் பேசிக்கொள்வது அப்படித்தான். ஆனால் இங்கே எவ்வளவு சத்தமாகப் பேச வேண்டும் என்பதில் டவருக்குத்தான் அதிகாரம். 'நன்றாகக் கேட்கிறது, குறைத்துக்கொள்', 'கேட்கவில்லை, கூட்டு' என்று அது சொல்லிக்கொண்டே இருக்கும். 3ஜி காலத்தில் இந்தக் கட்டளை ஒரு நொடிக்கு 1500 முறை போனது.

ஒரு 4ஜி போனின் மிக மெல்லிய குரல் ஒரு வாட்டில் கோடியில் ஒரு பங்கு. அதிகபட்சக் கூச்சல் 0.2 வாட். இரண்டுக்கும் நடுவே இருபது லட்சம் மடங்கு. முதன்முதலில் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தபோது ஒரு பூஜ்யத்தைக் கூடுதலாகப் போட்டுவிட்டேனோ என்று திரும்பவும் சரிபார்த்தேன். இல்லை, சரிதான். ஆன்டெனாவிலிருந்து 0.2 வாட் வெளியே போக, அதை அனுப்பும் பெருக்கி (ஆம்ப்ளிஃபையர்) பேட்டரியிலிருந்து அதைப்போல இரண்டு மூன்று மடங்கு உறிஞ்சுகிறது. மிச்சமெல்லாம் சூடு. சிக்னல் குறைந்த இடத்தில் பத்து நிமிடம் பேசினால் காது ஓரம் சுடுவதற்கு இது முக்கியமான காரணம்.

தூரம் மட்டும் பிரச்சினை இல்லை. திறந்த வெளியில் தூரம் இரட்டிப்பானால் வந்து சேரும் ஆற்றல் நான்கில் ஒரு பங்காகக் குறையும். கட்டடங்கள் நெருக்கியடிக்கும் ஊரில் அது எட்டில் ஒரு பங்காகவோ பதினாறில் ஒரு பங்காகவோ விழும். கம்பி கட்டிய கான்கிரீட் சுவர், இரும்பு லிஃப்ட், தரைக்கு அடியில் இருக்கும் பார்க்கிங் எல்லாமே குறுக்கே நிற்கின்றன. ஓஎம்ஆர் பக்கம் உள்ள கண்ணாடிக் கட்டடங்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நம்மூர் வெயில் உள்ளே வராமல் இருக்க இந்த மாதிரிக் கட்டடங்களின் கண்ணாடியில் பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு மெல்லிய உலோகப் பூச்சு கொடுத்திருப்பார்கள். வெப்பத்தைத் திருப்பி அனுப்பும் அந்தப் பூச்சு ரேடியோ அலையையும் திருப்பி அனுப்பிவிடும். சிக்னல் நூறில் ஒரு பங்காகக்கூடக் குறையலாம். 'வீட்டில் இருந்தால் சார்ஜ் நிற்கிறது, ஆபீஸ் போனால் நிற்பதில்லை' என்று நண்பர்கள் சொல்லும்போது அவர்கள் போனில் எந்தக் குறையும் இல்லை. கண்ணாடிக்கு அந்தப்பக்கம் இருக்கும் டவரை எட்டுவதற்காக அது நாள் முழுக்கக் கத்துகிறது.

இப்போது அந்த டிசம்பர் 4க்கு வருவோம். டவர்களுக்கும் கரண்ட் வேண்டும். கரண்ட் போனால் சில மணி நேரம் அதன் சொந்த பேட்டரி தாங்கும். அதற்குமேல் டீசல் ஜெனரேட்டர்தான். தெருவெல்லாம் ஆறாக ஓடும்போது டீசலை யார் கொண்டுவருவது? பக்கத்து டவர் அணைந்ததும் என் போன் எங்கோ தூரத்தில் உள்ள இன்னொரு டவரைப் பிடித்தது. அந்த ஒரு டவரை நம்பி எத்தனையோ தெருக்களின் போன்கள். பிடி அறுந்தது. உடனே தேடல். 850, 900, 1800, 2100, 2300 மெகாஹெர்ட்ஸ் என்று ஒவ்வொரு அலைவரிசையாக, 2ஜியா, 4ஜியா, 5ஜியா என்று ஒவ்வொரு முறையாகத் துழாவிப் பார்க்க வேண்டும். கிடைத்ததும் 'நான் இங்கே இருக்கிறேன்' என்று டவரிடம் பதிவு செய்ய வேண்டும். பதில் வராவிட்டால் குரலை ஒரு படி ஏற்றி மறுபடி கூப்பிடும். அதற்கும் பதில் இல்லாவிட்டால் இன்னொரு படி. பதிவு முடிந்ததும் மீண்டும் அறுந்துவிட்டால் எல்லாம் முதலிலிருந்து.

கோழித்தூக்கம் போயே போய்விட்டது. சிக்னல் அடியோடு இல்லாவிட்டால்கூட இவ்வளவு செலவாகியிருக்காது. பல முறை தேடியும் எதுவும் அகப்படாதபோது தேடலுக்கு நடுவே இடைவெளியை நீட்டிக்கொள்ளும்படிதான் போனை வடிவமைத்திருக்கிறார்கள். வந்தும் வராமலும் இருக்கிற அரைகுறை சிக்னல்தான் பேட்டரிக்கு எமன். நான் அக்காவுக்குத் திரும்பத் திரும்ப அடித்த ஒவ்வொரு போன் காலும், கிடைக்காத காலாக இருந்தாலும், முழுக்கூச்சல் போட்டுத் தோற்ற கால்தான்.

சாதாரண நாளில் தூக்கத்தைக் கலைப்பது வேறொன்று. ஷேர் ஆட்டோக்காரர் ஒருவரை இறக்கிவிட்டதும் இன்ஜினை அணைப்பதில்லை. அடுத்த ஆள் வந்துவிடலாம் என்று கொஞ்ச நேரம் உறுமவிட்டு நிற்பார். போனின் ரேடியோவும் அப்படித்தான், ஒரு சிறு செய்தி வந்து முடிந்த பிறகும் அடுத்தது வரலாம் என்று பல நொடிகள், 4ஜியில் பத்து நொடி அளவுக்கு, முழுத்தூக்கத்துக்குப் போகாமல் விழித்திருக்கும். காலை வணக்கப் படங்கள் குடும்பக் குழுவில் நிமிடத்துக்கு ஒன்றாக வரும்போது ஒவ்வொன்றுக்கும் அந்த உறுமல் நேரத்தைத் தனித்தனியாகக் கட்ட வேண்டியிருக்கிறது. அதே இருபது படங்களும் ஒரேயடியாக வந்தால் செலவு எவ்வளவோ குறைவு.

வைஃபை இதைவிடச் சிக்கனம். ரவுட்டர் நாலு சுவருக்குள்ளேயே இருக்கிறது, கத்த வேண்டிய அவசியம் இல்லை. ஆகவே வீட்டில் வைஃபையை அணைத்துவிட்டு மொபைல் டேட்டாவில் பார்ப்பது சார்ஜை மிச்சப்படுத்தாது, பெரும்பாலும் கூடுதலாகத்தான் செலவழிக்கும். புளூடூத் பாவம், செய்யாத குற்றத்துக்குப் பழி சுமக்கிறது. அதன் வழக்கமான குரல் 0.0025 வாட்தான். 2010இல் வந்த குறைமின் புளூடூத் இன்னும் சிக்கனமானது. கையில் ஸ்மார்ட் வாட்ச் கட்டியிருந்தால் அந்த இணைப்பை அணைத்துப் பெரிதாக எதையும் சேமிக்க முடியாது. ஜிபிஎஸ் எதையும் அனுப்புவதே இல்லை, வெறுமனே கேட்கிறது. ஆனால் 20,200 கிலோமீட்டர் உயரத்திலிருந்து வரும் அந்த முணுமுணுப்பை இரைச்சலிலிருந்து பிரித்தெடுக்க இடைவிடாமல் கணக்குப் போட வேண்டும், அதற்குத்தான் சார்ஜ் செலவாகிறது.

உணவு டெலிவரி செய்யும் தம்பிகளைப் பாருங்கள். வண்டி ஹாண்டில்பாரில் போன், வெயிலில் தெரிவதற்காக உச்ச வெளிச்சத்தில் திரை, ஜிபிஎஸ், மொபைல் டேட்டா, ஓடிக்கொண்டே இருப்பதால் டவர் விட்டு டவர் தாவல். எல்லாம் ஒரே நேரத்தில். அதோடு மே மாதத்து அக்னி நட்சத்திரம். 2003 மே 31 அன்று சென்னையில் 45 டிகிரி பதிவானது. அப்படிப்பட்ட வெயிலில் நிற்கும் கறுப்புக் கண்ணாடிப் பொருள் காற்றைவிடப் பல டிகிரி கூடுதலாகவே சூடாகும். பேட்டரிக்கு ஏற்ற வெப்பம் நமக்கு இதமாக இருக்கும் அதே வெப்பம்தான். 35 டிகிரிக்கு மேல் போகப் போக உள்ளே வேண்டாத வேதிவினைகள் வேகம் பிடிக்கும். அதில் இழந்த கொள்ளளவு திரும்பி வராது. அந்தத் தம்பிகளில் பலர் பையில் பவர் பேங்க் செருகிக்கொண்டே ஓட்டுகிறார்கள். சார்ஜ் ஏற்றுவதும் சூட்டைக் கிளப்பும் என்பதால் பேட்டரி இரண்டு பக்கமும் அடிவாங்குகிறது. அவர்களுக்கு நிழலில் நிறுத்த ஓர் இடமாவது நகரம் கொடுக்க வேண்டும் என்பது என் எண்ணம். மனிதருக்கும் அது தேவை, அவர் பிழைப்பு நடத்தும் போனுக்கும் தேவை.

சரி, மழைக்கு என்ன செய்வது? ஃபிளைட் மோடு. விமானத்துக்காக வந்த அந்தப் பொத்தான்தான் வெள்ளத்தில் மிகவும் உபயோகமானது. தேடலையே நிறுத்திவிடுகிறது. ரேடியோ வாய் மூடிய போன், திரையும் அணைந்திருந்தால், நாள்கணக்கில் தாங்கும். மணிக்கு ஒருமுறை மொட்டை மாடிக்கோ ஜன்னலோரமோ போய் ஐந்து நிமிடம் ரேடியோவைத் திறந்தால் போதும். போன் பேசுவதைவிட எஸ்எம்எஸ் நல்லது, ஒரு கண நேரம் சிக்னல் கிடைத்தாலும் போய்விடும். இன்னொன்று, உங்கள் கம்பெனி டவர் செத்திருந்தாலும் 112 என்ற அவசர எண்ணுக்கு, கைக்கெட்டும் வேறு எந்தக் கம்பெனி டவர் வழியாகவும் போன் பேச முயலும். அதற்கு முன் ஃபிளைட் மோடை எடுத்துவிட வேண்டும் என்பதை வீட்டில் பெரியவர்களுக்குச் சொல்லிவையுங்கள்.

2024 நவம்பர் 30, ஃபெஞ்சல் புயல். காலையிலேயே கரண்ட் போனது. அம்மாவின் போன், என் போன் இரண்டையும் ஃபிளைட் மோடில் போட்டேன். ஒற்றைப்படை மணிக்கு நான், இரட்டைப்படை மணிக்கு அக்கா, ஐந்து நிமிடம் ரேடியோவைத் திறப்பது என்று முதல் நாளே பேசி வைத்திருந்தோம். 'தண்ணி வாசப்படி வரல, நாங்க நல்லா இருக்கோம்' என்று அவள் முன்பே அனுப்பியிருந்த எஸ்எம்எஸ், மதியம் மூன்று மணிக்கு நான் ரேடியோவைத் திறந்ததும் வந்தது. மறுநாள் விடிந்தபோது என் போனில் 71 சதவீதம் இருந்தது.