புயலில் அடிபட்ட பாய்மரப் படகு: வாங்கும் முன் எதைப் பார்ப்பது

2024 ஜனவரியில் பெலால், 2025 பிப்ரவரி கடைசியில் ரெயூனியனைத் தாக்கிய கரான்ஸ் போன்ற புயல்கள் கடந்துபோன சில வாரங்களில் மொரீஷியஸிலும் ரெயூனியனிலும் ஒரே மாதிரி விளம்பரங்கள் தலைகாட்டும். "36 அடி ஃபைபர் படகு, பக்கவாட்டில் ஓட்டை, இருக்கிற நிலையில் விற்பனை." விலை, நல்ல படகின் விலையில் கால்வாசிதான் இருக்கும். ஓட்டையை அடைத்து பெயின்ட் அடித்துவிட்டால் மீதி முக்கால்வாசியும் லாபம் என்று மனம் கணக்குப் போடும். அந்தக் கணக்கில் பல குடும்பங்களின் சேமிப்பு கரைந்திருக்கிறது. புயல் சேதத்தில் ஓட்டைதான் மிக மலிவான பழுது. அந்த அடியின் விசை படகுக்குள் எங்கே போய் இறங்கியது என்பதுதான் செலவைத் தீர்மானிக்கும்.

அதனால் விற்பவரிடம் முதலில் விலையைக் கேட்காதீர்கள், அடிபட்ட விதத்தைக் கேளுங்கள். கரைச்சுவரில் உரசியதா, வேறு படகு வந்து மோதியதா, பவளத்திட்டில் ஏறியதா, தரையில் முட்டுக்கொடுத்து நின்றது சாய்ந்ததா, தண்ணீரில் மூழ்கியதா? மூழ்கியிருந்தால் எத்தனை நாள்? புயலுக்கு மறுநாள் எடுத்த படங்களைக் காட்டச் சொல்லுங்கள். சுத்தம் செய்த பிறகு எடுத்த படங்களால் பயனில்லை.

மிகவும் பயப்பட வேண்டியது பவளத்திட்டில் ஏறிய படகுக்கு. படகின் அடியில் தொங்கும் ஈய அல்லது வார்ப்பிரும்புக் கீல் 36 அடிப் படகில் ஏறத்தாழ இரண்டு டன் இருக்கும். கீலின் அடிநுனி பாறையில் இடித்து நிற்கும்போது படகு முன்னால் ஓடப் பார்க்கிறது. கீலின் முன்விளிம்பு கீழே இழுபடும், பின்விளிம்பு படகின் அடித்தட்டை மேல்நோக்கி நெம்பும். ஒவ்வொரு அலைக்கும் இது திரும்பத் திரும்ப நடக்கும். ஆகவே வெளியே கீலில் தெரியும் கீறலை மட்டும் பார்த்துத் திருப்திப்படக் கூடாது. அறையின் தரைப்பலகைகளைக் கழற்றி, கடைசிக் கீல் போல்ட்டுக்குப் பின்னால் டார்ச் அடித்துப் பாருங்கள். அடித்தட்டைத் தாங்கும் குறுக்குச் சட்டங்களின் மூலைகளில் தலைமுடி அளவு வெள்ளைக் கோடுகள் ஓடினால் சந்தேகப்படுங்கள். பல நவீனப் படகுகளில் இந்தச் சட்டங்கள் தனியாக வார்த்து அடித்தட்டில் பசையால் ஒட்டப்பட்டவை. மெல்லிய கத்தி முனையை ஓரத்தில் செருகினால் உள்ளே போகிறதா? பிளாஸ்டிக் சுத்தியலால் தட்டினால் ஓரிடத்தில் "டக்" என்றும் பக்கத்தில் "தொப்" என்றும் கேட்கிறதா? அப்படியானால் ஒட்டு விட்டுவிட்டது.

இன்னொரு சோதனைக்கு கிரேன் வேண்டும். படகைப் பெல்ட்டில் தொங்கவிட்டபடி கீல் சேரும் இடத்தின் முன்விளிம்பைப் பாருங்கள். பிறகு கீல் கட்டையில் அமரும்படி இறக்கி, அதே இடத்தை மறுபடி பாருங்கள். தொங்கும்போது விரிந்து, உட்காரும்போது மூடும் இடைவெளி இருந்தால் போல்ட் தளர்ந்திருக்கிறது, அல்லது அடித்தட்டே வளைகிறது. இதைச் சின்ன விஷயமாக எடுத்துக்கொள்ள முடியாது. 2014 மே மாதம் வட அட்லாண்டிக்கில் சீக்கி ராஃபிக்கி என்ற படகின் கீல் கழன்று நால்வர் உயிரிழந்தனர். முன்பு தரைதட்டியதும் அதன் பிறகு செய்த பழுதுபார்ப்பும் சேர்ந்து கீல் பிணைப்பைப் பலவீனமாக்கியிருக்கலாம் என்று பிரிட்டிஷ் கடல் விபத்து விசாரணைப் பிரிவு அறிக்கை சொன்னது. ஒட்டு விட்ட படகில் கீலைக் கழற்றி, சட்டத்தைச் சுரண்டி எடுத்து, மறுபடி ஒட்டி, கண்ணாடி இழை போர்த்த வேண்டும். சொந்தமாகப் படகுப் பட்டறை வைத்திருப்பவர் தவிர வேறு யாரும் இதில் இறங்க வேண்டாம்.

சுக்கானையும் அப்போதே பார்த்துவிடுங்கள். ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு மெதுவாகத் திருப்பினால், சுக்கானின் மேல்விளிம்புக்கும் படகின் அடிக்கும் உள்ள இடைவெளி இரு பக்கமும் ஒரே மாதிரி இருக்க வேண்டும். வேறுபட்டால் சுக்கானின் தண்டு வளைந்திருக்கலாம்.

இனி அந்த ஓட்டை. முழு ஃபைபராக, நடுவில் நுரையோ பால்சா மரமோ இல்லாத பக்கச்சுவரில், சட்டங்களைத் தொடாத ஓட்டை என்றால் கைதேர்ந்த ஒருவர் இரண்டு வாரத்தில் முடித்துவிடலாம். உடைந்த பகுதியை வெட்டி நல்ல ஃபைபர் வரும்வரை போக வேண்டும். விளிம்பை 12க்கு 1 என்ற சரிவில் தேய்க்க வேண்டும், அதாவது 6 மில்லிமீட்டர் தடிப்புக்குச் சுற்றிலும் 72 மில்லிமீட்டர் சரிவு. சதுர மீட்டருக்கு 600 கிராம் எடையுள்ள பையாக்ஸியல் (இரு திசை இழை) கண்ணாடித் துணியைக் கையால் படியவைத்தால் ஓர் அடுக்கு முக்கால் மில்லிமீட்டர் வரும், ஆக எட்டு அடுக்கு. படகு வார்த்த பழைய பாலியெஸ்டர் ரெசின் மீது எபாக்ஸி ரெசின் நன்றாகப் பிடிக்கும். கடையில் மலிவாகக் கிடைக்கும் வெட்டிழைப் பாயை எபாக்ஸியோடு சேர்க்காதீர்கள். அதன் இழைகளைப் பிடித்திருக்கும் பொடிப் பசை பாலியெஸ்டரில் உள்ள ஸ்டைரீனில்தான் கரையும், எபாக்ஸியில் கரையாமல் இழை நனையாது. முதல் நாள் எபாக்ஸி மீது மறுநாள் மெழுகு போலப் படலம் படியலாம். அதைத் தண்ணீர் விட்டுத் தேய்த்துக் கழுவாமல் அடுத்த அடுக்கைப் போட்டால் உரிந்து வரும். நவம்பர் முதல் ஏப்ரல் வரையிலான நம் கோடையின் ஈரக்காற்றில் இந்தப் படலம் எளிதில் வரும். மே முதல் அக்டோபர் வரைதான் ரெசின் வேலைக்கு ஏற்ற காலம்.

மேல்தட்டில் நடுப்பகுதி பால்சாவாக இருந்து, ஓரத்தில் கைப்பிடிக் கம்பியைத் தாங்கும் ஸ்டாஞ்சன் தூண்கள் பிடுங்கிக்கொண்டு போயிருந்தால், அந்தத் துளைகள் வழியாக மழைநீர் மாதக்கணக்கில் இறங்கியிருக்கும். தட்டிப் பார்த்து, ஊறிய பரப்பைச் சாக்பீஸால் குறியுங்கள். குறித்த பரப்பு இரண்டு சதுர மீட்டரைத் தாண்டினால் விலையை மறுபடி பேசுங்கள்.

மூழ்கிய படகு வேறு கதை. டீசல் எஞ்சினை வெளியே எடுத்த 24 மணி நேரத்துக்குள் இன்ஜெக்டர்களைக் கழற்றி, நன்னீரால் கழுவி, கையால் சுழற்றித் தண்ணீரை வெளியேற்றி, ஆயிலை இரண்டு மூன்று முறை மாற்றியிருந்தால் அது பிழைக்கும். ஒரு வாரம் அப்படியே கிடந்திருந்தால் புது எஞ்சின் விலையைக் கணக்கில் வையுங்கள். "எஞ்சின் சுத்துது" என்றால் டிப்ஸ்டிக்கை உருவிப் பாருங்கள். ஆயில் பால் கலந்த காபி நிறத்தில் இருந்தால் உள்ளே தண்ணீர் இருக்கிறது. வயரிங்கில் ஒரு வயரின் முனையை வெட்டி உறையைச் சுரண்டினால் செம்பு கறுத்திருக்கும். இன்னும் ஓர் அடி வெட்டினாலும் கறுப்புதான். உப்புநீர் உறைக்குள் ஏறிவிட்டது, மொத்தத்தையும் மாற்ற வேண்டும்.

பாய்மரம் முறிந்த படகு பார்வைக்குப் பரிதாபமாக இருந்தாலும், அடிப்பாகம் நன்றாக இருந்தால் எங்களுக்கு அதுவே பிடித்தமான பேரம். ஆனால் தீவில் இருக்கிறோம் என்பதை மறக்கக் கூடாது. 36 அடிப் படகின் மரம் ஏறத்தாழ 15 மீட்டர். 40 அடி கன்டெய்னரின் உள்நீளம் 12 மீட்டர்தான். மரத்தை இரண்டு துண்டாக வரவழைத்து உள்ளே ஸ்லீவ் போட்டு இணைக்க வேண்டும், அதை மரம் செய்பவரிடம் ஆர்டரின்போதே சொல்லிவிட வேண்டும். மரத்தை இழுத்துப் பிடிக்கும் கம்பிகள் பத்து வயதைத் தாண்டியிருந்தால் எல்லாவற்றையும் சேர்த்து மாற்றுங்கள். அவை படகோடு பிணையும் செயின்பிளேட்டுகளைக் கழற்றி, மேல்தட்டுக்குள் மறைந்திருக்கும் பகுதியைப் பாருங்கள். துரு அங்கேதான் ஒளிந்திருக்கும்.

வேலை ஒரு பருவத்தில் முடியாவிட்டால் படகு அடுத்த புயலைத் தரையில் சந்திக்கும். தைப்பூசக் காவடி எடுக்கும் நாட்களில் நம் புயல் பருவம் உச்சத்தில் இருக்கும். மரத்தை இறக்கி வைத்து, படகைத் தரையில் பதித்த கொக்கிகளோடு பட்டைகளால் இழுத்துக் கட்ட இடம் தரும் படகு யார்டா என்று முன்பே கேளுங்கள். வெறும் முட்டுகளில் நிற்கும் படகு சாய்ந்தால் பக்கத்துப் படகின் சேதத்துக்கும் நீங்கள் பதில் சொல்ல நேரும்.

பணக்கணக்கை இப்படிப் போடுங்கள். அதே மாடல் நல்ல படகு, வரி எல்லாம் கட்டி இங்கே 100 என்றால், வாங்கும் விலை, சர்வே (நிபுணர் செய்யும் சோதனை), கிரேன், யார்டு வாடகை, பொருள், கூலி எல்லாம் சேர்ந்து 70க்குள் அடங்க வேண்டும். பழுதுச் செலவின் மதிப்பீட்டோடு முப்பது சதவீதம் கூட்டிய பிறகும் அடங்க வேண்டும். நாளை விற்கும்போது பழுது பார்த்த இடத்தை வாங்குபவரின் சர்வேயர் கண்டுபிடிப்பார், முழு விலை கிடைக்காது. உங்கள் உழைப்புக்குக் கூலி வேண்டாம் என்று நினைத்தால்கூட யார்டு வாடகை மாதந்தோறும் ஓடிக்கொண்டே இருக்கும். மோதலில் மரம் போன படகு, முழு ஃபைபர் சுவரில் ஓட்டை விழுந்த படகு, இவை இரண்டும் பெரும்பாலும் கணக்குக்குள் அடங்கும். திட்டில் ஏறியதும் வாரக்கணக்கில் மூழ்கியதும் இலவசமாகக் கொடுத்தாலும் அடங்குவது அரிது.

திட்டில் கிடக்கும் படகை அங்கேயே கிடக்கும்போது வாங்காதீர்கள். கையெழுத்துப் போட்ட நிமிடம் அதை அகற்றும் பொறுப்பும் உங்கள் தலையில் விழும். விற்பவர் உண்மையில் உரிமையாளரா, அல்லது பணம் கொடுத்துத் தீர்த்த இன்ஷூரன்ஸ் நிறுவனம் உரிமையாளரா என்பதற்கு எழுத்து வாங்குங்கள். மரினா பாக்கி இல்லை என்ற கடிதமும் வேண்டும். பிரெஞ்சுக் கொடியில் பதிவான படகு என்றால் பழைய பதிவு நீக்கச் சான்று வேண்டும். மொரீஷியஸில் சுங்கத்தில் 15 சதவீத வாட் கட்ட நேருமா என்றும், டூரிஸம் அத்தாரிட்டியில் பிளஷர் கிராஃப்ட் லைசன்ஸுக்கு என்னென்ன கேட்பார்கள் என்றும் முன்பணம் கொடுப்பதற்கு முன்பே விசாரியுங்கள். பழுது பார்த்த பின் இன்ஷூரன்ஸ் தருவீர்களா, எந்த மாதிரி சர்வே அறிக்கை வேண்டும் என்று நிறுவனத்திடம் எழுத்தில் கேளுங்கள். சர்வேயரை நீங்களே அமர்த்துங்கள், விற்பவர் காட்டும் ஆளை வேண்டாம். முன்பணம் கொடுத்தாலும், "தண்ணீருக்கு வெளியே தரைப்பலகை கழற்றிச் செய்யும் சர்வேயில் கீல் பிணைப்பு தேறாவிட்டால் பணம் திரும்ப வேண்டும்" என்ற வரி ஒப்பந்தத்தில் இருக்கட்டும். அதற்குச் சம்மதிக்காத விற்பனையாளரிடம் பேச்சை அங்கேயே நிறுத்திவிடுங்கள்.