வீட்டுப் பத்திரத்தை வங்கியில் வைப்பதற்கு முன்: பன்னாட்டு ஃபைனான்ஸ் வக்கீலாக விரும்பும் பிள்ளைகளுக்கு

போன மாதம் கடலூர் திருப்பாதிரிப்புலியூரிலிருந்து ஒரு அப்பாவும் மகளும் புதுச்சேரியில் இருக்கும் என் அலுவலகத்துக்கு வந்தார்கள். மகள் காலாப்பட்டு சட்டக் கல்லூரியில் இறுதியாண்டு. லண்டனில் ஓராண்டு எல்.எல்.எம். (சட்ட முதுகலைப் பட்டம்) படிக்க இடம் கிடைத்திருக்கிறது. கல்விக் கடனுக்கு வங்கி வீட்டுப் பத்திரம் கேட்கிறது. "படிச்சு முடிச்சா அங்கேயே பெரிய நிறுவனத்துல ஃபைனான்ஸ் வக்கீல் ஆயிடலாம்னு ஏஜென்சில சொல்றாங்க சார். நீங்க அந்த வேலையிலதானே இருந்தீங்க, பத்திரத்தைக் கொடுக்கலாமா?" என்று அப்பா கேட்டார்.

சிங்கப்பூரில் ஒரு பன்னாட்டுச் சட்ட நிறுவனத்தின் வங்கிப் பிரிவில், வங்கிகள் கொடுக்கும் பெரிய கடன்களுக்கான ஒப்பந்த வேலையில், எட்டு வருடம் இருந்தேன். இதே கேள்வியோடு வரும் குடும்பங்கள் கூடிக்கொண்டே போவதால், அவரிடம் சொன்னதை இங்கே எழுதி வைக்கிறேன்.

எல்.எல்.எம். பட்டம் மட்டும் இருந்தால் இங்கிலாந்தில் வக்கீல் தொழில் செய்ய உரிமம் கிடைக்காது. அங்கே சொலிசிட்டர், அதாவது உரிமம் பெற்ற வக்கீல் ஆக, 2021 முதல் எஸ்.கியூ.இ. என்ற தேர்வு இருக்கிறது. அதில் இரண்டு கட்டம். முதல் கட்டத்தில் மட்டும் 360 கேள்விகள். இந்தியாவில் வக்கீலாகப் பதிவு செய்தவர் எல்.எல்.எம். இல்லாமலேயே இதை எழுதலாம். அந்த ஊர் மாணவர்களுக்கு உள்ள இரண்டு வருட வேலை அனுபவ நிபந்தனையும் இவர்களுக்கு இல்லை. முதல் கட்டத்தை இந்தியாவில் உள்ள தேர்வு மையத்திலேயே எழுதிவிடலாம். இரண்டாம் கட்டத்தின் வாய்மொழிப் பகுதிக்குத்தான் அங்கே போக வேண்டும். தேர்வுக் கட்டணம் மொத்தம் 4,000 பவுண்டுக்கு மேல் ஆகும். பெரிய தொகைதான், ஆனால் வீட்டை அடமானம் வைக்கும் அளவுக்கு இல்லை. ஏஜென்சிக்காரர்கள் இதையெல்லாம் சொல்வதில்லை. அது எனக்குக் கோபமாகத்தான் இருக்கிறது.

சரி, தேர்வில் தேறினால் வேலை கிடைத்துவிடுமா? அதுவும் இல்லை. பன்னாட்டு நிறுவனங்கள் படிக்கும்போதே ஆள் எடுப்பது, பெங்களூரு தேசிய சட்டப் பள்ளி போன்ற ஒரு சில கல்லூரிகளில்தான். மற்றவர்களுக்கு உள்ள வழி நான் போன வழி. சென்னையிலோ மும்பையிலோ ஓர் இந்தியச் சட்ட நிறுவனத்தின் வங்கிப் பிரிவில் மூன்று நான்கு வருடம் உழைத்துவிட்டு, அந்த அனுபவத்தைக் காட்டி சிங்கப்பூர், துபாய், லண்டன் என்று மாறுவது. நேர்காணலில் அவர்கள் கேட்பது, "எந்தக் கடன் ஒப்பந்தத்தில் என்ன செய்தாய்?" என்பதைத்தான்.

அந்த வேலை உண்மையில் என்ன என்று பிள்ளைகளுக்குத் தெரிவதில்லை. நான் முதலில் தொழில் கற்றது கடலூர் மஞ்சக்குப்பத்தில், வங்கிகளின் பேனல் வக்கீலாக, அதாவது கடனுக்கு வரும் பத்திரங்களை வங்கிக்காகச் சரிபார்ப்பவராக இருந்த என் சீனியரிடம். முப்பது வருட வில்லங்கச் சான்று, மூலப்பத்திரம், பட்டா, வாரிசுச் சான்று என்று ஒவ்வொன்றாகப் பார்த்து சொத்தை நம்பிக் கடன் கொடுக்கலாமா என்று லீகல் ஒப்பீனியன் எழுதுவோம். புதுச்சேரிச் சொத்து என்றால் நொத்தேர் என்ற பிரெஞ்சுக் காலப் பத்திர அதிகாரி முன் எழுதிய பழைய பிரெஞ்சுப் பத்திரம்கூட வரும். ஒரு வாரிசின் கையெழுத்து விடுபட்டிருந்தால் சீனியர் பத்திரக் கட்டை அப்படியே திருப்பி என் மேஜையில் வைப்பார்.

சிங்கப்பூரில் பணம் கோடிக்கணக்கான டாலர். ஒரு கடனுக்கு ஆறேழு வங்கிகள். ஒப்பந்தம் பெரும்பாலும் இங்கிலாந்துச் சட்டப்படி, லண்டனின் லோன் மார்க்கெட் அசோசியேஷன் என்ற கடன் சந்தை அமைப்பு வகுத்த படிவத்தைத் தழுவி இருக்கும். ஆனால் இளைய வக்கீல் ராத்திரி இரண்டு மணிக்குச் செய்வது அதே வேலைதான். பணம் கைமாறும் முன் வந்து சேர வேண்டிய காகிதங்களின் பட்டியலை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகச் சரிபார்ப்பது. இயக்குநர் குழுத் தீர்மானம் வந்ததா? வழக்கு வந்தால் நோட்டீஸ் வாங்கிக்கொள்ள லண்டனில் ஆள் நியமித்தாயிற்றா? கடன் வாங்குவது இந்திய நிறுவனம் என்றால், பணம் எடுக்கும் முன் ரிசர்வ் வங்கியின் கடன் பதிவு எண் கையில் இருக்கிறதா? சொத்தின் மீது வங்கிக்குக் கொடுத்த அடமான உரிமையை 2013 கம்பெனிச் சட்டத்தின் 77ஆம் பிரிவுப்படி 30 நாளில் பதிவு செய்ய ஏற்பாடு ஆயிற்றா?

முதல் வருடம் நான் ஒரு தவறு செய்தேன். பெயர் மாறிய ஒரு நிறுவனத்தின் தீர்மானம் பழைய பெயரிலேயே இருந்ததைக் கவனிக்கவில்லை. பணம் ஒரு நாள் தாமதமாகப் போனது. கடலூரில் பத்திரங்களில் தகப்பன் பெயரை எழுத்து எழுத்தாக ஒப்பிட்டுப் பார்த்தவன் அங்கே கோட்டை விட்டது இன்றும் உறுத்துகிறது.

அதனால் படிக்கும்போதே ஒப்பந்தச் சட்டம், சொத்து மாற்றுச் சட்டம், கம்பெனிச் சட்டம் மூன்றையும் ஊன்றிப் படியுங்கள். பேலன்ஸ் ஷீட் வாசிக்கக் கற்றுக்கொள்ளுங்கள். விடுமுறையில் பேனல் வக்கீல் ஒருவரிடம் உட்காருங்கள். தமிழ் வழியில் படித்தவர்கள் ஆங்கிலத்தை நினைத்துப் பயப்படுகிறார்கள். ஒப்பந்த ஆங்கிலம் இலக்கியம் இல்லை, ஒரே மாதிரி வாசகங்கள் திரும்பத் திரும்ப வரும். நூறு ஒப்பந்தம் படித்தால் பிடிபட்டுவிடும்.

இன்னொன்று, "வெளிநாட்டுச் சட்ட நிறுவனத்தின் இந்தியக் கிளையில் வேலை" என்று சொல்லி முன்பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். அந்த நிறுவனங்கள் இங்கே அலுவலகம் திறக்க முடியாது என்று 2018இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2023இல் பார் கவுன்சில் விதி கொண்டுவந்து, பதிவு செய்துகொண்டு வெளிநாட்டுச் சட்டம் குறித்து ஆலோசனை சொல்ல வழிவிட்டது. நீதிமன்றத்தில் வாதாட முடியாது. எந்த நல்ல நிறுவனமும் வேலைக்குச் சேர்பவரிடம் பணம் வாங்காது.

அப்புறம், அந்த அப்பா கொண்டுவந்த கடன் ஒப்பந்தத்தை மகளிடமே கொடுத்து வாசிக்கச் சொன்னேன். படிக்கும் காலத்திலும் வட்டி ஓடும் என்ற வரியில் நின்றாள். அப்பா இணைக் கடன்தாரர், மகள் கட்டாவிட்டால் முழுத் தொகையும் அவர் பொறுப்பு என்ற வரியை இரண்டு முறை வாசித்தாள். "இதை யாரும் எங்களுக்குச் சொல்லவே இல்ல சார்" என்றாள்.

எல்.எல்.எம். படிக்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. உதவித்தொகை கிடைத்தால் தாராளமாகப் போகலாம். அவள் இப்போதைக்கு இடத்தைத் தள்ளிப்போட முடியுமா என்று பல்கலைக்கழகத்துக்கு எழுதிக் கேட்டிருக்கிறாள். இறுதித் தேர்வு முடிந்ததும் சென்னையில் ஒரு நிறுவனத்தின் வங்கிப் பிரிவில் பயிற்சிக்குச் சேர்கிறாள். பத்திரம் அவள் அப்பாவின் பீரோவிலேயே இருக்கிறது.