கேசட்டிலிருந்து ஏறிய விளையாட்டும் திரையோரத்துக் கோடுகளும்

"பரணைச் சுத்தம் செய்தபோது அப்பாவின் பழைய கம்ப்யூட்டரும் ஒரு பெட்டி நிறையக் கேசட்டுகளும் கிடைத்தன. விளையாட்டு ஏறும்போது டிவியின் ஓரங்களில் வண்ணக் கோடுகள் ஓடியது மட்டும் எனக்கு நினைவிருக்கிறது. அந்தக் கோடுகள் எதற்கு?" என்று பவானியிலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார். அவர் அனுப்பிய படத்தில் இருப்பது ஸ்பெக்ட்ரம் பிளஸ். எங்கள் வீட்டுக்கு வந்த முதல் கம்ப்யூட்டரும் அதுதான் என்பதால், மற்ற கேள்விகளையெல்லாம் தள்ளிவைத்துவிட்டு இதை எடுத்துக்கொள்கிறேன்.

இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் இருந்த கிளைவ் சிங்க்ளேரின் நிறுவனம் 1982 ஏப்ரலில் ஸ்பெக்ட்ரத்தை வெளியிட்டது. பிறகு வந்த பிளஸ் மாடலை, உரிமம் பெற்று டெசிபெல்ஸ் என்ற நிறுவனம் இந்தியாவில் விற்றது. நினைவகம் 48 கிலோபைட். மின்சாரம் போனால் அதில் இருப்பதெல்லாம் போய்விடும். அதனால் ஒவ்வொரு முறையும் விளையாட்டைப் புதிதாக ஏற்றியாக வேண்டும். ஏற்றுவதற்கு இருந்த கருவி, பாட்டுக் கேட்கும் அதே டேப் ரிக்கார்டர். 'ஜே' விசையை அழுத்தினால் 'லோடு' என்ற கட்டளை முழுதாகத் திரையில் விழும். இரண்டு மேற்கோள் குறிகள், பிறகு என்டர், பிறகு டேப்பில் பிளே. நினைவகம் நிறைய ஐந்து நிமிடம் ஆகும். பாதியில் கரண்ட் போனால் மறுபடியும் முதலிலிருந்து.

பூஜ்யமும் ஒன்றும் ஒலியாக நாடாவில் பதிவாகும் என்பது பலருக்கும் தெரிந்ததுதான். எப்படிப் பதிவாகின்றன என்பதில்தான் சுவாரசியம் இருக்கிறது. ஒலியலையின் உயரத்தை, அதாவது சத்தம் எவ்வளவு என்பதை, கம்ப்யூட்டர் பார்ப்பதே இல்லை. மின்னழுத்தம் மேலிருந்து கீழோ, கீழிருந்து மேலோ மாறும் கணத்தை 'விளிம்பு' என்று வைத்துக்கொள்வோம். ஒரு விளிம்புக்கும் அடுத்த விளிம்புக்கும் இடையே கழிந்த நேரம் எவ்வளவு? அது ஒன்றுதான் கணக்கு. ஒரு விளிம்பிலிருந்து அடுத்த விளிம்பு வரை ஓர் அரை அலை. பூஜ்யம் என்றால் 244 மைக்ரோ வினாடி நீளமுள்ள இரண்டு அரை அலைகள். ஒன்று என்றால் அதன் இரு மடங்கு, 489 மைக்ரோ வினாடி நீளத்தில் இரண்டு. செயலி ஏறக்குறைய 17 மைக்ரோ வினாடிக்கு ஒருமுறை டேப்பிலிருந்து வரும் கம்பியை எட்டிப் பார்த்து, எத்தனை முறை பார்த்த பிறகு விளிம்பு வந்தது என்று எண்ணுகிறது. எண்ணிக்கை வரம்புக்குள் அடங்கினால் பூஜ்யம், தாண்டினால் ஒன்று. வரம்பு இரண்டுக்கும் நடுவே தாராளமாக வைக்கப்பட்டிருப்பதால், நாடா பத்தில் ஒரு பங்கு வேகமாகவோ மெதுவாகவோ ஓடினாலும் பாதகமில்லை. மலிவான டேப் ரிக்கார்டரைக் கொண்டே காரியம் நடந்ததற்கு இந்தத் தாராளம்தான் காரணம்.

இனி கோடுகளுக்கு வருவோம். ஒவ்வொரு விளிம்பையும் கண்டவுடன் ஸ்பெக்ட்ரம் திரையோரத்தின் நிறத்தை மாற்றுகிறது. அந்தக் காலத்து டிவியில் எலக்ட்ரான் கற்றை இடமிருந்து வலமாக ஒரு வரியை வரைய எடுக்கும் நேரம் 64 மைக்ரோ வினாடி. அப்படியே வரி வரியாகக் கீழே இறங்கி, வினாடிக்கு 50 முறை திரையை முடிக்கும். கற்றை இறங்கிக்கொண்டிருக்கும்போதே நிறம் மாறினால் அந்த இடத்திலிருந்து புதுப் பட்டை தொடங்கும். ஆகவே பட்டையின் தடிமன், இரண்டு விளிம்புகளுக்கு இடைப்பட்ட நேரமேதான். 244-ஐ 64-ஆல் வகுத்தால் பூஜ்யத்தின் பட்டை நான்கு வரிக்குச் சற்றுக் குறைவு. ஒன்றின் பட்டை எட்டு வரிக்குச் சற்றுக் குறைவு. பவானிக்காரரிடம் இதை விளக்கவே வேண்டாம்: ஜமுக்காளத்தில் தடித்த கோடும் மெலிந்த கோடும் மாறி மாறி வருவதைப் போல, விளையாட்டின் ஏறக்குறைய ஒவ்வொரு பிட்டும், அதாவது ஒவ்வொரு பூஜ்யமும் ஒன்றும், கண்ணெதிரே ஓடிக்கொண்டிருந்தது. திரை ஒருமுறை வரையப்படுவதற்குள் 20 முதல் 40 பிட்கள் வரை வந்துவிடும் என்பதால் யாராலும் படிக்க முடியாது. ஆனால் வந்தவை ஏறக்குறைய அத்தனையும் அங்கே இருந்தன. இன்றைய எந்தக் கருவியும் தன் தரவை இவ்வளவு வெளிப்படையாகக் காட்டுவதில்லை.

நிறங்களையும் கவனியுங்கள். தொடக்கத்தில் நீண்ட 'பீ...' ஒலி கேட்கும்போது சிவப்பும் வெளிர்நீலமும் வரும். தரவு வரத் தொடங்கியதும் நீலமும் மஞ்சளும். ஸ்பெக்ட்ரத்தில் சிவப்பின் எண் 2, வெளிர்நீலத்தின் எண் 5. இரும எண்களில் 010, 101. நீலம் 001, மஞ்சள் 110. ஒவ்வொரு ஜோடியிலும் ஒன்றை அப்படியே தலைகீழாக்கினால் மற்றது கிடைக்கிறது! செயலியின் ஒரு பதிவகத்தில் (எட்டு பிட்களை வைத்துக்கொள்ளும் சிறு இடம்), கம்பி இப்போது மேலே இருக்கிறதா கீழே இருக்கிறதா என்ற குறிப்பு ஒரு பிட்டில் இருக்கிறது. அதே பதிவகத்தின் கடைசி மூன்று பிட்களில் நிறத்தின் எண் இருக்கிறது. விளிம்பு வந்ததும் எட்டு பிட்களையும் புரட்டிப்போடும் ஒரே ஒரு கட்டளை ஓடுகிறது. 'அடுத்து எதிர்த்திசை விளிம்பை எதிர்பார்' என்பதும் 'நிறத்தை மாற்று' என்பதும் அந்த ஒரே புரட்டலில் முடிந்துவிடுகின்றன. மின்சாரம் போனாலும் அழியாத, மொத்தம் 16 கிலோபைட் நிலைநினைவகத்துக்குள் பேசிக் என்ற புரோகிராம் மொழி முழுவதையும் அடைத்தவர்கள் செய்த வேலை இது. இதை முதன்முதலில் படித்துப் புரிந்துகொண்ட அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை.

எங்கள் வீட்டில் இருந்தது கறுப்பு வெள்ளை டிவி. அதிலும் ஒரு நுட்பம் தெரிந்தது. ஸ்பெக்ட்ரத்தின் நிற எண்கள் வெளிச்சத்தின் வரிசையில் அமைந்தவை: 0 கறுப்பு, 7 வெள்ளை. 2-க்கும் 5-க்கும் இடையே உள்ள வேறுபாட்டைவிட 1-க்கும் 6-க்கும் இடையே வேறுபாடு அதிகம். எனவே பீ ஒலியின்போது மங்கலாக உருளும் சாம்பல் பட்டைகள், தரவு தொடங்கியதும் பளிச்சென்று வெட்டும். நானும் அக்காளும் அதைப் பார்த்துத்தான் 'சரியாக ஏறுகிறது' என்று முடிவு செய்வோம்.

அடுத்து விளையாட்டின் முகப்புப் படம் வரும். அது மேலிருந்து கீழாக ஒழுங்காக நிரம்பாது. மேல் மூன்றிலொரு பங்கில் எட்டு வரிக்கு ஒரு வரி, பிறகு அவற்றுக்கு அடுத்த வரிகள் என்று இடைவெளிகளை அடைத்துக்கொண்டே போய், நடுப் பங்கு, கீழ்ப் பங்கு என்று இறங்கும். ஓர் எழுத்தை வரையும்போது அதன் அடுத்த வரிக்குப் போக, நினைவக முகவரியின் மேல் பைட்டில் (அதன் முதல் பாதியில்) ஒன்றைக் கூட்டினால் போதும் என்ற வசதிக்கேற்ப நினைவகம் அமைந்திருந்தது. படப்புள்ளிகளுக்கு 6,144 பைட், நிறங்களுக்கு வெறும் 768 பைட். நிறங்கள் கடைசியில்தான் வரும். அதனால் 40 வினாடி மெல்ல மெல்லத் தெரிந்த படத்துக்கு கடைசிச் சில வினாடிகளில் நிறம் ஏறிவிடும். மேத்யூ ஸ்மித் 1983-இல் எழுதிய 'மேனிக் மைனர்' புத்திசாலித்தனமாகப் படப்புள்ளிகளைத் தொடாமல், நிறப் பகுதியின் மின்னும் வசதியை வைத்தே தன் பெயரைச் சிமிட்ட வைத்தது.

இவ்வளவுக்குப் பிறகும் கடைசி வினாடியில் 'டேப் லோடிங் எரர்' வரும். வந்த பைட்கள் எல்லாவற்றையும் ஒன்றோடொன்று ஒப்பிட்டுக் கிடைக்கும் ஒரு சரிபார்ப்பு பைட் இறுதியில் இருக்கும். அது பொருந்தாவிட்டால் பிழை. எங்கே பிழை என்று அது சொல்லாது. எங்கள் அத்தை ராகு காலத்தில் ஏற்றாதே என்பார். பக்கத்து வீட்டுப் பையன்கள் அந்த நேரம் யாரும் பேசக் கூடாது என்பார்கள். இரண்டையும் நான் கொஞ்ச காலம் நம்பினேன். பெரும்பாலும் உண்மையான காரணம், நாடாவைப் படிக்கும் டேப் ஹெட்டின் பக்கத்தில் ஸ்பிரிங் மேல் உட்கார்ந்திருக்கும் ஒரு குட்டித் திருகு. ஹெட்டின் மெல்லிய பிளவு நாடாவுக்குச் சரியான செங்குத்தில் இல்லாமல் சாய்ந்திருந்தால் உயர் அதிர்வெண்கள் அடிபட்டுப் போகும். விளிம்புகள் கூர்மை இழந்து சரிவாகும். நீளங்கள் தப்பாகும். கைக்கடிகாரத்துக்குப் பயன்படும் சின்ன ஸ்குரூ டிரைவரால், கேசட் ஓடும்போதே அந்தத் திருகை மயிரிழை மயிரிழையாகத் திருப்ப வேண்டும். மூடிய அறையிலிருந்து வருவது போன்ற ஒலி சட்டென்று தெளிந்து, காதைக் குத்தும் இடம் ஒன்று வரும். அங்கே நிறுத்த வேண்டும். காரணத்தைத் தேடினால் கிடைக்கும் என்பதைக் குழந்தைகளுக்குக் காட்ட இதைவிட நல்ல கருவியை நான் பார்க்கவில்லை. பஞ்சாங்கம் பார்த்து நாளைக் கடத்தும் வீட்டுப் பிள்ளைகளுக்கு இன்றும் இப்படிக் கழற்றிப் பார்க்கக்கூடிய ஏதாவது ஒன்று வேண்டும்.

அந்த விளையாட்டுகள் இன்றும் கிடைப்பதற்கு எந்த அரசும் காரணமில்லை. ஆர்வலர்கள் தங்கள் ஓய்வு நேரத்தில் கேசட்டுகளைக் கணினியில் ஏற்றி, அலைகளின் நீளத்தையே பதிவு செய்யும் கோப்பு வடிவம் ஒன்றை உருவாக்கிக் காப்பாற்றினார்கள். 1980-களில் நம் ஊர்ப் பிள்ளைகள் எழுதிப் பதிவு செய்த புரோகிராம்கள் அந்தத் தொகுப்பில் இருக்க வழியில்லை. ஏவுகணைக்கும் செயற்கைக்கோளுக்கும் ஒதுக்கும் பணத்தை நான் குறை சொல்லவில்லை. அதில் ஒரு துளியை வைத்து காந்த நாடாக்களைக் காப்பாற்றும் ஓர் ஆய்வகத்தை நம் பல்கலைக்கழகம் ஒன்றில் அமைக்கலாம். நாடாவின் பூச்சு உதிர்வதற்கு முன் செய்ய வேண்டிய வேலை அது.

வாசகி அதுவரை காத்திருக்க வேண்டாம். பூஞ்சை பிடித்த கேசட்டைத் தனியாக எடுத்து வைக்கவும். மற்றவற்றை ஒருமுறை முழுதும் முன்னும் பின்னும் ஓட்டிவிட்டு, மேலே சொன்ன திருகைச் சரிசெய்து, டேப்பின் இயர்போன் துளையிலிருந்து நேராகக் கணினிக்கு ஒயர் கொடுத்துப் பதிவு செய்யலாம். கணினி வினாடிக்கு 44,100 முறை ஒலியை அளந்து குறித்துக்கொண்டால், அதாவது 44,100 மாதிரிகள் எடுத்தால் போதும். பூஜ்யத்தின் ஒரு அரை அலைக்கே பத்துக்கு மேல் கிடைத்துவிடும். எம்பி3-ஆகச் சுருக்காமல், வேவ் கோப்பாக வைத்துக்கொள்ளுங்கள். அப்பாவின் கையெழுத்தில் லேபிள் ஒட்டிய கேசட்டுகளை முதலில் எடுங்கள். கடையில் விற்ற விளையாட்டுகளுக்கு வேறு பிரதிகள் இருக்கும். அவர் எழுதியவற்றுக்கு அந்த ஒன்றுதான்.